அட்டவணை சாரின் சாவி

சட்டைப் பையில் இல்லை. கால்சட்டைப் பையில் இல்லை. சாப்பாட்டுப் பையைக்கூடக் குடைந்து பார்த்தாயிற்று. வகுப்பறைப் பீரோவின் சாவி எங்கேயும் இல்லை.

வேறு யாராவது தொலைத்திருந்தால் இதில் ஒரு கதையும் இல்லை. தொலைத்தவர் அட்டவணை சார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, பொருளை அதனதன் இடத்தில் வைப்பது எப்படி, வேலையை நேரத்துக்கு முடிப்பது எப்படி என்று தனிப் பாடமே நடத்துகிறவர். கனமான புத்தகம் பையின் அடியில் போகவேண்டும். கீழே கிடக்கிற பொருள் கிளாஸ் லீடரின் அனாதைப் பெட்டிக்குப் போகவேண்டும். தொலைத்தவர் எழுந்து நின்று ஒப்புக்கொண்டால்தான் வெளியே வரும். பென்சில் சீவுவதற்குக்கூடத் தனிக் கிழமை உண்டு. பட்டப் பெயர் சும்மாவா வந்தது?

இன்று கல்வி அதிகாரி வருகிறார். வகுப்பு அவருக்குப் பிடித்துவிட்டால், தற்காலிக ஆசிரியரான சாருக்கு வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் வேறு பள்ளிக்கூடம் தேடவேண்டியதுதான். அவருக்குக் காட்டவேண்டிய பிள்ளைகளின் கோப்புகளோ பூட்டிய பீரோவுக்குள் இருந்தன.

சன்னலோரம் ஒதுங்கி, தாழ்ந்த குரலில் மனைவிக்குப் போன் போட்டார்.

"பீரோ சாவி வீட்டுல இருக்கா பாரேன்."

"ஆணியில பாத்தீங்களா? அதுக்குன்னு சுவத்த ஓட்டை போட்டு, மேல 'சாவி'ன்னு எழுதி வேற ஒட்டினீங்களே!"

"அதத்தான் பாக்கச் சொல்றேன்."

"ஆணியில என் குடைதாங்க தொங்குது. மாத்துச் சாவி இல்லையா?"

"இருக்கு. பத்திரமா வெச்சிருக்கேன்."

"எங்க?"

சார் பீரோவைப் பார்த்தார். "உள்ளதான்."

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. போனை வைத்தார். 'ஊருக்குத்தாண்டா உபதேசம், உனக்கில்ல' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஆனால் பிள்ளைகளிடம் மட்டும் சொல்லக்கூடாது. மானம் போய்விடும். எவனாவது எடுத்துப் பையில் போட்டிருப்பான், நைசாகக் கண்டுபிடித்துவிடலாம்.

"எல்லாரும் பையக் கவுத்துக் கொட்டுங்க. இன்னைக்குப் பை சுத்தம்!"

"சார், அது வெள்ளிக்கிழமைதானே?" என்றான் முதல் பெஞ்சுக்காரன்.

"கொட்டுன்னா கொட்டுடா!"

கொட்டினார்கள். பாதி கடித்த பிஸ்கெட், ஒற்றைக் காலுறை, பெற்றோரிடம் போய்ச் சேராத கடிதங்கள், ஒரு செத்த பல்லி எல்லாம் வந்தன. சாவி வரவில்லை. உன் ஸ்கேல், என் ஸ்கேல் என்று மூலைக்கு மூலை இழுபறி ஆரம்பித்தது.

கிளாஸ் லீடர் எழுந்தாள். ரெட்டைப் பின்னல், அநியாயத்துக்குப் பொறுமைசாலி.

"சார், நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"சொல்ல வேண்டியத நானே சொல்லுவேன். உட்காரும்மா."

அடுத்து பியூனைக் கூப்பிட்டார். "அண்ணே, சத்தமில்லாம இந்தப் பீரோவத் தெறந்து குடுங்களேன்."

பியூன் ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்ப, சார் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கைப்பிடி சாரின் கையோடு வந்துவிட்டது. பீரோ ஒரு ஆட்டம் ஆடியது. அதன் தலைமேல் இருந்த 'ஒழுங்கே உயர்வு' என்ற பலகை சரிந்து, நேராக வந்து சாரின் தலையில் விழுந்தது. அத்தனை பெரிய அறையில் அதற்கு விழ வேறு இடமா கிடைக்கவில்லை?

"சார், இப்பவாவது ஏதாவது..." என்று லீடர் மறுபடி எழுந்தாள்.

"உட்காருன்னு சொன்னேன்ல!"

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை உள்ளே வந்தார். பின்னாலேயே கல்வி அதிகாரி அம்மாள்.

"என்ன சார் இது, சந்தைக்கடையா?" தலைமையாசிரியைக்குக் குரல் கிறீச்சிட்டது.

"செய்முறைப் பயிற்சி மேடம்," என்றார் சார், கையில் கைப்பிடியோடு. "முதல்ல கலைச்சுப் போட்டுடறது. அப்புறம் அடுக்கறது."

"அட, நல்லா இருக்கே," என்றார் அதிகாரி. "பிள்ளைங்க கோப்ப எடுங்க, பாக்கலாம்."

"பீரோ பழசு மேடம். பூட்டு சிக்கிக்கிச்சு."

"பூட்டு நல்லாத்தாம்மா இருக்கு," என்றார் பியூன். "சாவிதான் இல்ல."

சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பியூனை முறைக்கக்கூடத் தெம்பில்லை.

அதிகாரி சிரிக்கவில்லை. "கோப்பு கெடக்கட்டும் சார். அட்டை போட்டு அடுக்கி வெக்க யாராலயும் முடியும். நீங்க சொல்லிக் குடுத்தது இவங்க மனசுல நின்னுருக்கா? எனக்கு அதுதான் தெரியணும். எப்படிக் காட்டுவீங்க?"

சார் வகுப்பைப் பார்த்தார். தரையெல்லாம் ஸ்கேலும் பிஸ்கெட் தூளும். சாவியையே தொலைத்த வாத்தியார் எதைச் சொல்லிக்கொடுத்திருக்கப் போகிறார்? வேலை போயிற்று. மனைவிக்கு என்ன பதில் சொல்வது? போகிற வேலை போகட்டும், இனிப் பொய்யாவது வேண்டாம் என்று தோன்றியது. கைப்பிடியை மேசைமேல் வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

"பிள்ளைங்களா, பூட்டெல்லாம் சிக்கல. பீரோ சாவிய நான்தான் தொலைச்சிட்டேன்."

"அப்பாடா!" என்று மொத்த வகுப்பும் மூச்சு விட்டது.

லீடர் பெஞ்சுக்கு அடியிலிருந்து அனாதைப் பெட்டியை இழுத்து, உள்ளேயிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

"நேத்தே உங்க நாற்காலிக்கடியில கெடந்துச்சு சார். கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்... ஆனா தொலைச்சவங்க எழுந்து நின்னு ஒத்துக்காம, யாரா இருந்தாலும் குடுக்கக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க?"