ரோவினாவை விட்டுவிட்டு வந்த மாப்பிள்ளை

"அவளை அங்கேயே விட்டுட்டு வந்ததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல," என்று திருநாவுக்கரசு சொன்னான். வீட்டுக்குள்ளே ஜன்னலோரமாக யாரோ காப்பிக் கோப்பையை டக்கென்று கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

அவன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில், "ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கிட்டு இருங்க" என்று பெரியவர்களே பார்த்து வாசலையொட்டிய அஞ்சடித் திண்ணையில் உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பேசிக்கொண்டிருந்தது ஒரு வீடியோ கேமைப் பற்றி.

வரும் வழியெல்லாம் அம்மா முத்தாயி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "அரசு, போற இடத்துல அந்த கேம் பேச்ச எடுத்துராத. செம்பனை எண்ணெய் ஆலையில ஃபிட்டர்னு சொல்லு, சொந்தமா மோட்டோ இருக்குன்னு சொல்லு. முப்பது வயசுல டீவி முன்னால உக்காந்து பட்டன் அமுக்கறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

அவனும் சரி என்றுதான் வந்தான். பகாவ் டவுனைத் தாண்டி, செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் செம்மண் சாலையில் கார் குலுங்கிக்கொண்டு போனபோதும், அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் இருந்த ஆசிரியர் வீட்டின் முன்னால் இறங்கியபோதும் அதே உறுதியோடுதான் இருந்தான். பெண் செந்தாமரை அந்தப் பள்ளியில் ஆசிரியை. "பள்ளி விட்டதும் பொழுது எப்படிங்க போகும்?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்டான். அவள் உள்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சிரிக்கக் கூடாது. கேம் விளையாடுவேன்."

"என்ன கேம்?"

"ஒரு கப்பல் கதை. ரோவினான்னு ஒரு பொண்ணு வருவா."

அதோடு அம்மா சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று.

அந்த கேம் அவனுக்கு உயிர். சுடுவதும் குத்துவதும் குறைவு, கதைதான் அதிகம். கதாநாயகன் ஓர் இளம் மாலுமி. என்ன பேசுவது, எங்கே போவது, யாரை நம்புவது எல்லாம் விளையாடுகிறவர் கையில். கதையில் ஓரிடத்தில் கப்பல் தீப்பிடித்துக்கொள்ளும். நெருப்பு காற்றில் கரையை நோக்கிப் பறக்கும்; அங்கே ஊர் தூங்கிக்கொண்டிருக்கும். மேல்தளத்துக்கு ஓடிச் சங்கு ஊதினால் ஊர் விழித்துக்கொண்டு பிழைக்கும். கீழ்த்தளத்திலோ ரோவினா அறைக்குள் மாட்டிக்கொண்டிருப்பாள். மேலே ஓடுவதா, கீழே ஓடுவதா?

இந்த இடத்தைப் பற்றி அரசுவுக்கு அழுத்தமான கருத்து ஒன்று இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. ஆலையில் பேச்செடுத்தால், "அதுல காடி ஓட்டலாமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கதையை வைத்துச் சண்டை போட ஓர் ஆள் கிடைத்தது அன்றைக்குத்தான்.

கேம் விளையாடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கதாநாயகன் செய்ததை எல்லாம் 'நான் செய்தேன்' என்றுதான் சொல்வார்கள். அதில்தான் வந்தது வினை.

"நீங்க செஞ்சது துரோகம்," என்றாள் செந்தாமரை. "ஆரம்பத்துலருந்து உங்களையே நம்பி வந்தவ. தன் ரொட்டியில பாதிய உங்களுக்குப் பிச்சுக் குடுத்தவ. அவள நெருப்புல விட்டுட்டு ஓடி வந்துருக்கீங்க, வருத்தம் வேற இல்லையாம்."

"சரி, நீங்க மட்டும் என்ன செஞ்சீங்களாம்?"

"நான் ரோவினாவக் கூட்டிக்கிட்டுதான் வந்தேன்."

"அப்ப ஊரு?"

"எரிஞ்சு போச்சு." தாடையைத் தூக்கிக்கொண்டாள். "பரவால்ல."

"பரவால்லயா! ஒரு ஊரையே எரிய விட்டுட்டு பரவால்லன்னு சொல்ற ஆள இன்னைக்குத்தாங்க பாக்கறேன்!" என்று அரசு கத்தினான்.

கத்தினாலும் அவன் மனசு குளிர்ந்து கிடந்தது. இதற்கு முன் பார்த்த பெண்கள் எல்லாரும் அவன் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, பிறகு ஆள் விட்டு 'வேண்டாம்' என்று சொல்லி அனுப்பியவர்கள். நீ செய்தது தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொன்னவள் இவள் ஒருத்திதான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த அஞ்சடியிலேயே முடிவு செய்துவிட்டான்.

"அரசு," என்று உள்ளேயிருந்து தாய்மாமன் சன்னாசியின் குரல் வந்தது. "கொஞ்சம் உள்ள வா. நீயும் வாம்மா."

உள்ளே போனால், கூடம் இழவு வீடு மாதிரி இருந்தது. முத்தாயி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். செந்தாமரையின் அம்மா அன்னபூரணம் பலகாரத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அமிர்தலிங்கம் மட்டும் அசையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய வெள்ளைச் சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக அவர் நிமிர்ந்து பார்த்தாலே, வேலையாட்களை விரட்டும் மண்டோர்களுக்கே நாக்குக் குழறும் என்று சொல்வார்கள்.

"யாருடா அந்த ரோகிணி?" என்றாள் முத்தாயி.

"ரோகிணி இல்லம்மா. ரோவினா."

"பேரத் தப்பாச் சொன்னதாடா இப்ப முக்கியம்?"

அரசு வாயைத் திறப்பதற்குள் சன்னாசி எழுந்துகொண்டார். கோயில் கமிட்டிச் சண்டை, எல்லைக்கல் சண்டை, ஆடு மேய்ந்த சண்டை எதுவானாலும் பேசித் தீர்த்துவைப்பவர் என்று அவருக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரில் அவருக்கே நம்பிக்கை கொஞ்சம் அதிகம்.

"கிராணி ஐயா, வயசுப் பையன். ஏதோ நடந்துபோச்சு. அந்த ரோகிணி கதை முடிஞ்சுபோன கதை. இனிமே அது தலையெடுக்காது, அதுக்கு நான் பொறுப்பு."

"மாமா, உங்களுக்கு விசயமே தெரியாது!"

"தெரியாமத்தான்டா பொறுப்பு ஏத்துக்கறேன். சும்மா இருலா." அவர் அன்னபூரணத்தின் பக்கம் திரும்பினார். "நாங்களும் பெருந்தன்மையா நடந்துக்கறோம்மா. உங்க பொண்ணு ஊரக் கொளுத்துனதப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டோம்."

"என் மக ஊரக் கொளுத்தினாளா?"

"பரவால்லன்னு பாப்பாவே சொன்னுச்சே, காதால கேட்டோமே."

முத்தாயி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "ஏண்ணே, போன தீபாவளி சமயத்துல இந்தப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்துல லயத்து வீடுங்க எரிஞ்சுச்சுன்னு சொன்னாங்களே…"

இனி மறைத்துப் பயனில்லை என்று அரசுவுக்குத் தெரிந்துவிட்டது. மானம் போனால் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று தொண்டையைச் செருமினான்.

"அம்மா, அழாத. ரோவினா நெஜமான பொண்ணே இல்ல. டீவியில வர்றவ."

"அய்யய்யோ, நடிகையா!" என்று முத்தாயி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அமிர்தலிங்கம் வாயைத் திறந்தார். கண்ணாடிக்கு மேலாக அரசுவைப் பார்த்தார்.

"தம்பி. கப்பல் பத்திக்கிட்டப்ப அந்தப் பொண்ணு எங்க இருந்துச்சு?"

"கீழ்த்தளத்துலங்க ஐயா. ரூமுக்குள்ள."

"கதவு?"

"பூட்டியிருந்துச்சு."

"சாவி?"

"என்கிட்டதாங்க இருந்துச்சு."

"அட பாவி!" என்றாள் அன்னபூரணம்.

"பின்பக்கமா ஒரு ஏணி இருந்துருக்குமே. பாக்கலையா?"

"அவசரத்துல… பாக்கலங்க ஐயா."

அமிர்தலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி முனையில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட அரசு அத்தனை கூசிப்போயிருக்க மாட்டான்.

செந்தாமரைக்குப் பொறுக்கவில்லை. அஞ்சடியில் சண்டை போட்டது வேறு, பெரியவர்கள் முன்னால் விட்டுக்கொடுப்பது வேறு. அவள் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, அவர மட்டும் நிக்க வெச்சுக் கேக்காதீங்க. அந்தக் கப்பல்ல நானும்தான் இருந்தேன்."

அன்னபூரணம் பலகாரத் தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எப்படி கப்பலுக்குப் போன? சிரம்பான்ல கோர்ஸுன்னுதானேடி போன?"

"கோர்ஸுக்குத்தான்மா போனேன்! கப்பலுக்கு நான் வீட்டுலருந்தே போவேன்."

"வீட்டுலருந்து எப்படிடி கப்பலுக்குப் போவ?"

"நீங்க சாயந்தரம் கோயிலுக்குப் போவீங்கல்ல, அப்ப."

சன்னாசியின் முகம் மலர்ந்தது. தீர்த்துவைக்க ஒரு வழி அகப்பட்டுவிட்டது அவருக்கு. "அப்படிப் போடு! ரெண்டு பேரும் முன்னாலயே கப்பல்ல பாத்துப் பழகியிருக்காங்க. இதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இவ்வளவு சுத்தி வளைச்சிருக்காங்க. காதல் கல்யாணம்னே வெச்சுக்குவோம் ஐயா, இந்தக் காலத்துல இதெல்லாம் சகஜம்லா. பிரச்சினை முடிஞ்சது!"

"என்னண்ணே முடிஞ்சது?" என்று முத்தாயி அலறினாள். "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதான் அந்த ரோகிணிப் புள்ளைய ரூமுல போட்டுப் பூட்டுனாங்களா?"

சன்னாசி மெல்ல உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் பேசித் தீர்க்காமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

செந்தாமரை தன் அறைக்குள் ஓடினாள். சாமான்கள் உருளும் சத்தம் கேட்டது. கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு திரும்பி வந்து அதைக் கூடத்து நடுவில் நீட்டினாள். பகாவ் இரவுச் சந்தையான பசார் மாலாமில் வாங்கிய சீடி. அட்டைப்படத்தில் ஒரு கப்பல் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. முன்னால் மஞ்சள் முடியோடு, கையில்லாத சட்டை போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள்.

"இவதான் ரோவினா."

"வெள்ளைக்காரியா!" என்றாள் அன்னபூரணம் தரையிலிருந்தபடியே.

"அத்தை, அவ வெறும் படம்," என்று அரசு கெஞ்சினான். பதற்றத்தில் 'அத்தை' என்று வந்துவிட்டதை அவனே கவனிக்கவில்லை. "இது வீடியோ கேம். டீவியில போட்டு விளையாடறது. கப்பல், நெருப்பு, ஊரு எல்லாம் கதைதான். இவங்க வீட்டுல இவங்க விளையாடறாங்க, எங்க வீட்டுல நான் விளையாடறேன். அவ்வளவுதான் அத்தை. நாங்க இன்னைக்குத்தான் மொதல் தடவையாப் பாத்துக்கறோம்."

முத்தாயி பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது.

"அட இந்த எழவா! நம்ம வீட்டு டீவி மேலயும் ஒண்ணு கெடக்கே. நான்தானே தெனமும் தூசி தட்டி வெக்கறேன்!"

முதலில் அவள்தான் சிரித்தாள். முந்தானையை நனைத்த அழுகையெல்லாம் இப்போது சிரிப்பாகத் திரும்பி வந்தது. அதைப் பார்த்து அன்னபூரணமும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சன்னாசி தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "எனக்கு அப்பவே சந்தேகம்தான். நம்ம பையனாவது, கப்பலாவது! பக்கத்து ஊரு கோலப்பிலாவுக்கு பஸ்ஸுல போனாலே வாந்தி எடுப்பான்."

முத்தாயி செந்தாமரையின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "பட்டன் அமுக்கறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு கவலப்பட்டுக்கிட்டே வந்தேன் தாயி. கடவுளாப் பாத்து, அமுக்கறவளையே காட்டிட்டாரு."

அன்னபூரணம் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு பலகாரத் தட்டை மறுபடி எல்லாருக்கும் நடுவில் வைத்தாள். கேசரிமேல் இருந்த முந்திரியில் ஒன்றை எடுத்துத் தானே அரசுவின் கையில் கொடுத்தாள்.

"அப்புறம் என்ன?" என்றார் சன்னாசி. "தட்ட மாத்திக்கலாமா ஐயா?"

எல்லாரும் அமிர்தலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். கூடத்தில் அவர் ஒருவர்தான் சிரிக்காமல் இருந்தார்.

"இல்லங்க," என்றார். "இந்தச் சம்பந்தம் சரிப்பட்டு வராது."

அரசுவின் வாயில் முந்திரி அப்படியே நின்றது.

"ஏங்க!" என்றாள் அன்னபூரணம். "அதான் எல்லாம் கேமுன்னு ஆகிப்போச்சே."

"நெருப்புல ஒரு பொண்ண விட்டுட்டு வந்துருக்காரு. வருத்தம்கூட இல்லன்னு சொல்லியிருக்காரு. அவர நம்பி என் பொண்ண எப்படி அனுப்பறது?"

பாவம், பெரியவருக்கு இன்னும் பிடிபடவில்லை என்று சன்னாசிக்குத் தோன்றியது. நாற்காலியை அவர் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டு, காது கேளாதவருக்குச் சொல்வதுபோல் உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஐயா. இது. கேம். வெளையாட்டு. கப்பலும் இல்ல, நெருப்பும் இல்ல. ரோகிணின்னு. ஆளே. கெடையாது."

அமிர்தலிங்கம் கேட்டுக்கொண்டார். "சரிப்பட்டு வராதுங்க," என்றார் மறுபடியும்.

அரசு செந்தாமரையைப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது. எரியும் கப்பலில் நின்றபோதுகூட அவன் இப்படிப் பதறியதில்லை. எழுந்து போய் அமிர்தலிங்கத்தின் முன்னால் நின்றான்.

"ஐயா, நெஜத்துல நான் யாரையும் விட்டுட்டு ஓடற ஆளு இல்லங்க. உங்க பொண்ண ஒரு நாளும் விட மாட்டேன். அது வெறும் கேமுங்க ஐயா. உங்களுக்கு எப்படிப் புரிய வெக்கறதுன்னே தெரியல."

அமிர்தலிங்கம் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கா புரியல? பாப்பா பள்ளிக்கூடம் போனதும், இவ பசாருக்குப் போனதும் அந்த டீவி முன்னால உக்காந்துருக்கறது யாருன்னு நெனச்சீங்க? சங்கையும் ஊதிட்டு அந்தப் புள்ளையையும் தூக்கிட்டு வந்தவன்யா நான்! மாப்பிள்ளைய வீட்டுக்குப் போயி அந்த எடத்த இன்னொரு தடவ ஒழுங்கா விளையாடிட்டு வரச் சொல்லுங்க, அப்புறம் தட்டு மாத்திக்கலாம்."