சுவரில் தொங்கிய ரொட்டியும் சொட்டு மருந்தின் பக்கவிளைவுகளும்

சமர்கந்து,
செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை.

இஸ்தான்புல் மாநகரில் நான்காவது மாடியில் வீற்றிருந்து, அடுத்தவர் அம்மாவுக்கு நாளொன்றுக்குப் பதினோரு மாத்திரை கொடுத்துவரும் என் மரியாதைக்குரிய மனைவி, ஷஹ்லோவின் அம்மா முனவ்வராவுக்கு,

உன் வீட்டுக்காரன், பல் கட்டும் அஸ்லிதீன், நெஞ்சில் கை வைத்து எழுதும் ஸலாம். உன் முழங்கால், உன் தூக்கம், நீ பார்த்துக்கொள்ளும் நெர்மின் அம்மாளின் இரத்த அழுத்தம், அவருடைய மகன், மருமகள், அடிக்கடி நின்றுபோகும் அந்த வீட்டு லிஃப்ட், எல்லாம் நலமாக இருக்க இறைவன் அருள்வானாக. இங்கே நானும், புகாராவில் நம் பெண் ஷஹ்லோவும், முற்றத்துத் திராட்சைக் கொடியும், நான்கு கோழிகளும் நலம். நீ விட்டுப்போனது ஐந்து என்பது எனக்கும் நினைவிருக்கிறது. அதற்கு வருகிறேன்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் என் முகம் தெரிகிறது, அதுதான் சிரமம். மேலும் பக்கத்து வீட்டு முக்கர்ரம் துணி வாங்க வியாழக்கிழமை இஸ்தான்புல் வருகிறாள். வந்ததும் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னால் வாயைத் திறப்பாள். அவள் வாய் வந்து சேர்வதற்குள் என் வாக்குமூலம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதால், நாளை புதன்கிழமை விமானம் ஏறும் உலர்பழ வியாபாரி எர்காஷிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பொட்டலமும் வரும். கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரி. உன்னைத் தெரியும், இந்நேரம் பிரித்திருப்பாய்.

முதல் குற்றம்: நம் வீட்டில் ஒரு பூனைக்குட்டி இருக்கிறது. உட்கார்ந்து படி. இருபத்தேழு வருஷமாகப் பூனை என்ற சொல்லைக்கூட நீ வாசற்படி தாண்ட விட்டதில்லை, தெரியும். நானாகக் கூப்பிடவில்லை. ஜூலையில் ஒரு நாள் பட்டறையில் உட்கார்ந்து யாருடைய பல் செட்டையோ தேய்த்துக்கொண்டிருந்தேன். அது உள்ளே வந்து, காலியாகக் கிடந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, எதிலும் ஏறாமல் என் செருப்பின் மேல் படுத்துக்கொண்டது. உன் நாற்காலியில் ஏறியிருந்தால் துரத்தியிருப்பேன், சத்தியமாக. கறுப்பு, உள்ளங்கை அளவு, காய்ந்த திராட்சை மாதிரி சுருங்கின மூஞ்சி. கிஷ்மிஷ் என்று பெயர் வைத்தேன். இந்த வீட்டில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அப்போது சரியாக ஒரு வருஷம் ஆகியிருந்தது, முனவ்வரா.

இரண்டாவது குற்றம் உன் தையல் கூடை. அதைத் திறந்து வைத்தவன் நான். எதற்குத் திறந்தேன் என்று கேட்காதே. சட்டைப் பித்தான் தைக்க என்று எழுதலாம், ஆனால் என் சட்டைகளுக்கெல்லாம் பித்தான் இருக்கிறது. நீ பாதியில் விட்டுப்போன பூவேலைத் துணியின் சிவப்புப் பட்டு நூல் ஒரு முழத்தை இந்தக் குட்டி சேமியா மாதிரி உறிஞ்சி விழுங்கிவிட்டது. மறுநாள் முதுகை வளைத்துக்கொண்டு முனகியது. மாட்டு வைத்தியர் நார்முராத்திடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். வயிற்றைத் திறக்க வேண்டுமாம், மயக்க மருந்துக்கு எடை தெரிய வேண்டுமாம். அவரிடம் இருப்பது ஆடு நிறுக்கும் தராசு. கிஷ்மிஷை ஏற்றினால் முள் அசையவே இல்லை, அவமானமாகப் போய்விட்டது. எதிரே முலாம்பழக் கடைக்கு ஓடினேன். கடைக்காரன் நிறுத்துப் பார்த்து, பழக்க தோஷத்தில், “ஒரு கிலோ இருநூறு கிராம்ணே, வெட்டிக் காட்டட்டுமா?” என்றான். “எதிர்க்கடையில வெட்டப் போறாங்கப்பா” என்றேன்.

“முப்பத்தஞ்சு வருஷமா ஆடு, மாடு, ஒரு தடவை ஒட்டகம்கூட அறுத்துத் தச்சிருக்கேன். எல்லாம் மரியாதையாப் படுத்துச்சு. இது என்னமோ என் படிப்பு என்னன்னு கேக்கற மாதிரி பாக்குது” என்று சொல்லிக்கொண்டே நார்முராத் வயிற்றைத் திறந்து, நூலை எடுத்து, சுருட்டி என் கையில் வைத்தார். “துவைச்சுட்டுத் தச்சுக்கலாம்.” பிறகு வலிக்குச் சொட்டு மருந்து, புண்ணுக்கு மாத்திரை, தையலை நக்காமலிருக்கத் தயிர் வாளியை வெட்டிக் கழுத்தில் ஒரு புனல். “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. என்ன நடந்தாலும் நோட்டுல எழுதி வைங்க. மருந்துப் பெட்டிக்குள்ள ஒரு தாள் இருக்கும், அதை மட்டும் படிக்காதீங்க.”

படித்தேன். ரஷ்ய மொழி, எறும்புக் கால் எழுத்து. பல் வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தேன். ஏற்படக்கூடிய விளைவுகள்: வாந்தி, பசியின்மை, அதிகத் தூக்கம், தூக்கமின்மை, தள்ளாட்டம், ஒளிந்துகொள்ளுதல், அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்ளுதல். இப்படி ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டு மனிதனை நிம்மதியாக இரு என்றால் எப்படி? கிஷ்மிஷ் தூங்கினால் அது அதிகத் தூக்கமோ என்று எழுப்பினேன். எழுந்தால் தூக்கமின்மையோ என்று கவலைப்பட்டேன். அரைமணிக்கு ஒருமுறை பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை மூக்கருகே பிடித்து மூச்சு படிகிறதா என்று பார்த்தேன். வாந்தி வருமோ என்று மூன்று நாள் ஒரு பழைய துண்டோடு பின்னாலேயே நடந்தேன். வாந்தி வரவில்லை. பசியின்மைதான் வந்தது. பால் வேண்டாம், கல்லீரல் வேண்டாம். ஐந்தாவது கோழி இங்கேதான் கதைக்குள் வருகிறது. அதுவும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாத்திரையோ, சாப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டியது.

மாத்திரை விஷயத்தில் நீ கைதேர்ந்தவளாயிற்றே என்று உன்னிடம்தான் ஃபோனில் கேட்டேன். நினைவிருக்கும். “மூணு நாளா சாப்பிடாதவங்களுக்கு மாத்திரை குடுக்கலாமா?” என்றேன். “யாரு சாப்பிடல? நீங்களா?” என்று நீ கத்தின கத்தலில் நெர்மின் அம்மாள் எழுந்துவிட்டார். “நான் இல்ல, ஒரு சிநேகிதர்.” “எந்த சிநேகிதர்?” “உனக்குத் தெரியாது. சின்னவர்.” “பொண்டாட்டி இல்லியா அவருக்கு?” “ஊர்ல இல்ல” என்றேன். நீ நெர்மின் அம்மாளைத் திரும்பப் படுக்க வைத்தாய். பிறகு, “கொஞ்சம் சூப்பாவது குடுங்க பாவம்” என்றாய். அந்த சூப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஆகவே குற்றத்தில் உனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

நடுவில் நோட்டைக் கொண்டுபோய் நார்முராத்திடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். “காலையில் தேநீரோடு சரி. கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. ம். ஃபோன் அடித்தால் துள்ளி எழுகிறது. ம். அலமாரியைத் திறந்து பச்சைச் சால்வையை மோந்து பார்த்தது...” நிறுத்தினார். “அண்ணே, குட்டி அலமாரியத் தொறக்குதா?” நான் சுவரில் மாட்டியிருந்த செம்மறியாட்டுப் படத்தைப் பார்த்தேன். “தேநீரும் குடிக்குதா?” அதற்கும் அந்த ஆட்டைத்தான் பார்த்தேன். அவர் பக்கத்தைத் திருப்பினார். “இது என் மருந்தால வந்ததில்ல. இதுக்கு என்கிட்ட மருந்தும் கெடையாது. குட்டிக்கு மட்டும் இன்னும் ஒரு நாள்ல ஏதாவது உள்ள போகணும். போகலேன்னா கஷ்டம்ணே.” கஷ்டம் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. ஆட்டுக்காரர்கள் எந்த அர்த்தத்தில் சொல்வார்கள் என்று தெரியும்.

மறுநாள் மதியம் நீ சொன்னபடி சூப் வைத்தேன். சாப்பாட்டு மேசையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே சுவரில் உன் ரொட்டி. போன வருஷம் ஜூலையில் டாக்ஸி வாசலில் நிற்க, பயணம் போகிறவர்கள் செய்யும் நம் ஊர் வழக்கப்படி ஒரு வாய் கடித்து, “மிச்சத்த வந்து சாப்பிடறேன், பத்திரம்” என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாயே, அது. கயிற்றில் கோத்து ஆணியில் மாட்டியதிலிருந்து பதினாலு மாதமாக அதற்குக் கீழேதான் சாப்பிடுகிறேன். கிஷ்மிஷ் எப்படியோ அலமாரி மேல் ஏறியிருந்தது. தாளில் போட்டிருந்த தள்ளாட்டம் அப்போதுதான் வந்து தொலைத்தது. சரிந்தது, கழுத்துப் புனல் கயிற்றில் மாட்டியது, பூனையும் ரொட்டியும் ஒன்றாக இறங்கின. பூனை என் மடியில், ரொட்டி என் சூப்பில். நல்லவேளை, தையலுக்கு ஒன்றுமில்லை. கரண்டியால் ரொட்டியை வெளியே எடுக்கத்தான் போனேன். அதற்குள் அது மேசையில் ஏறிப் புனலோடு தலையைக் கிண்ணத்துக்குள் விட்டு, ஊறின ஓரத்தை நக்கியது. பிறகு கடித்தது. நான்கு நாளில் முதல் வாய். அது கடித்த ஓரம் எது என்று உனக்கு எழுத வேண்டியதில்லை.

இனி எழுதுவதுதான் வாக்குமூலம். தடுத்திருக்கலாம். கையில் கரண்டி இருந்தது, கிண்ணம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. உன் பல் பதிந்த இடம் முழுக்கப் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். “சாப்பிடு கண்ணு” என்றுகூடச் சொன்னேன் போலிருக்கிறது. ஏனென்றால் சரியாக அப்போது அரிசி கடன் வாங்க உள்ளே வந்த முக்கர்ரம் அதைக் கேட்டிருக்கிறாள்.

“அடப்பாவி மனுஷா! போனவ ரொட்டிய பூனைக்கு ஊட்டறீங்களா? இனி எதச் சாப்பிட அவ திரும்பி வருவா?”

“ஊட்டலம்மா, தானா விழுந்துச்சு.”

“கண்ணுன்னு கூப்பிட்டது யாரு, சூப்பா?”

அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்து ஒரு வழி சொன்னாள். “வாந்தி எடுத்துடுச்சுன்னா சாப்பிட்டதா ஆகாது. காத்திருந்து பாருங்க.” ஆக, எந்த வாந்திக்குப் பயந்து துண்டோடு அலைந்தேனோ அதே வாந்திக்காக அன்று சாயங்காலம்வரை துண்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நார்முராத்துக்கு ஃபோன் போட்டேன். “டாக்டர், இன்னும் வாந்தி வரல்லியே.” “சந்தோஷம்ணே.” “தாள்ல போட்டிருக்கே?” “தாள்ல போட்டதெல்லாம் வந்தே ஆகணும்னு சட்டமா? வெங்காயம் போட்ட சூப்பு இனிமே குடுக்காதீங்க. மாத்திரையக் குடுத்துட்டு நீங்களும் சாப்பிடுங்க.” கிஷ்மிஷ் என் முழங்கையில் தலையை வைத்துக் குறட்டை விட்டது. அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்ளுதல் என்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதன் பிறகு ஒன்பது நாள் நான் கோழிக்கூண்டு ஓரம் உட்கார்ந்தே உன்னோடு பேசினேன். “ஏன் எப்பவும் அங்கயே உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டாய். “இங்கதான் சிக்னல்” என்றேன். ரொட்டி இல்லாத சுவரை உனக்குக் காட்டத் தைரியம் இல்லை. பத்தாவது நாள் என் தொழில்புத்தி வேலை செய்தது. உனக்கு இரண்டு தங்கப்பல் கட்டினபோது எடுத்த மேல், கீழ்த் தாடை அச்சு பட்டறையில் பத்திரமாக இருக்கிறது. புது ரொட்டி வாங்கி, அந்தத் தாடைகளால் கடிக்க வைத்தேன். லேசாகத் திரும்பியிருக்கும் உன் கோரைப்பல் உட்பட அச்சு அசல். ஆணியில் மாட்டிவிட்டு, போன வெள்ளிக்கிழமை மேசையிலிருந்து பேசினேன். “கொஞ்சம் நகருங்க, ரொட்டிய மறைக்கறீங்க” என்றாய். நகர்ந்தேன். “ம், இருக்கு” என்றாய். பிறகு மெதுவாக, “இந்தம்மா என்னைத் திட்டற நாள்ல அதைத்தான் நெனச்சுக்குவேன். என் வாய் அங்க வீட்டுல இருக்குன்னு” என்றாய்.

வாழ்நாளில் ஆயிரம் பொய்ப்பல் கட்டியிருக்கிறேன், முனவ்வரா. பொய்க்கடி இதுதான் முதல். ஃபோனை வைத்ததும் அதைக் கழற்றி, நொறுக்கிக் கோழிகளுக்குப் போட்டுவிட்டேன். இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. மேசையில் உட்கார முடியவில்லை; பட்டறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.

ஆகையால் உன் சமூகத்துக்கு என் கோரிக்கை. பொட்டலத்தில் இருப்பது நம் தெருமுனை அடுப்பில் இன்று காலை சுட்ட ரொட்டி. அதில் ஒரு வாய், சொந்தப் பல்லால், கடித்து எர்காஷிடமே திருப்பி அனுப்பு. இந்த முறை பூனையும் நானும் எட்டாத உயரத்தில் மாட்டுகிறேன். ஒப்பந்தம் முடிய இன்னும் பத்து மாதம் இருக்கிறது, அவசரமே இல்லை. நான் நன்றாக இருக்கிறேன். கிஷ்மிஷுக்கு மருந்து முடிந்துவிட்டது, தையல் பிரித்தாகிவிட்டது, வயிற்றில் புதிதாக முடி முளைக்கிறது. எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு நிதானமாக வா.

நெர்மின் அம்மாளுக்கு என் வணக்கம். உன் கைகள் நோகாமலும், உன் பாதை திறந்தும், உன் தேநீர் சூடாகவும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நீ பிழை பொறுக்க வேண்டிய,
அஸ்லிதீன்.

பி.கு.: எர்காஷ் வாசலில் ஹாரன் அடிக்கிறான். பொட்டலம் எதற்கு என்று மதிலுக்கு மேலிருந்து முக்கர்ரம் கேட்டாள், சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். “அண்ணே, உங்களுக்குப் புத்தி இருக்கா? எந்த வீட்டுல கடிச்சு வச்சுட்டுக் கிளம்பறாளோ, அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போவா. இஸ்தான்புல்ல கடிக்கச் சொல்றீங்களே!” மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கடிக்காதே. நெர்மின் அம்மாளுக்குத் தேநீரில் நனைத்துக் கொடு, அவர் மகனுக்குக் கொடு, லிஃப்ட் பழுது பார்ப்பவனுக்குக் கொடு, ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்காமல் தீர்த்துவிடு. நீ மட்டும் வாயில் வைக்காதே. பத்து மாதம், அவசரமில்லை, நிதானம், நான் நன்றாக இருக்கிறேன் என்பதெல்லாமும் பொய். முக்கர்ரம் திரும்பும் விமானத்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன். பசியோடு வா.