சத்தம் போடாத பள்ளிக்கூடம்

புதிதாகப் பயிற்சி முடித்து வந்த உபாத்தியாயினியைவிட ஊருக்கு ஆபத்தான பிராணி கிடையாது. களக்காட்டு மலையிலிருந்து புலி இறங்கினால் ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடும். நாங்கள் இறங்கினால் ஊரையே திருத்தாமல் போக மாட்டோம். (இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நானே அப்படி இறங்கியவள்தான்.)

ஐந்தாம் ஜார்ஜ் ராஜா டெல்லியில் தர்பார் நடத்திய மறு வருஷம் அது. பாளையங்கோட்டையில் பயிற்சி முடித்த எனக்கு, சேரன்மகாதேவியில் ஒரு சின்ன மிஷன் பெண் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. பத்தொன்பது வயது. ஒரு தகரப் பெட்டி, ஒரு வேதப் புத்தகம், தலை நிறையக் கர்வம். பெட்டியைத் தூக்கிவர ஆள் வைத்தேன்; கர்வத்தை நானே சுமந்து வந்தேன்.

பள்ளிக்கூடம் என்பது ஓடு போட்ட நீளமான ஒரே அறை. அதற்குள் மூன்று வகுப்புகள். என்னோடு சேர்த்து இரண்டு உபாத்தியாயினிகள். மற்றவர் ஞானம்மாள், எல்லோருக்கும் அவர் பெரிய டீச்சர். நல்ல மனுஷி. ஆனால் இன்ஸ்பெக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே கண்ணை மூடி ஜெபத்தில் இறங்கிவிடுவார்.

அந்தக் காலத்தில் படிப்பு என்றால் சத்தம். சட்டாம்பிள்ளையாக இருக்கும் பெண் எழுந்து நின்று ஒரு வரியைக் கத்துவாள். மற்றவர்கள் அதைத் திருப்பிக் கத்துவார்கள். மூன்று வகுப்பும் ஒரே நேரத்தில் கத்தும். ஒரு பக்கம் வாய்ப்பாடு, ஒரு பக்கம் பூகோளம், ஒரு பக்கம் வேதப் புத்தகத்துச் சங்கீதம். ஆற்றில் குளிக்கிறவர்களுக்குக்கூட எங்கள் பாடம் மனப்பாடமாகியிருக்கும்.

வேலையில் சேர்ந்த சில நாளில் செல்லம் என்ற எட்டு வயதுப் பெண் ஒரு பக்கத்தை ஒரு பிசகு இல்லாமல் வாசித்துக் காட்டினாள். எனக்கு ஒரே சந்தோஷம். அருகில் போய்ப் பார்த்தேன். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

அவ்வளவுதான், எனக்குள் இருந்த சீர்திருத்தக்காரி விழித்துக்கொண்டாள். பாளையங்கோட்டையில் எங்களுக்குப் பாடம் சொன்ன வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாள், பிள்ளைகள் மனசுக்குள்ளே வாசிக்கப் பழக வேண்டும், கத்துவது படிப்பாகாது என்பார். அதை இங்கே நடத்திக் காட்டுவதென்று முடிவு செய்தேன். பெரிய டீச்சர் என் பேச்சை முழுதும் கேட்டுவிட்டு, "என்னமோ செய்யி தாயி. இன்ஸ்பெக்டர் அய்யா வருததுக்குள்ள பழையபடி ஆக்கிரு" என்றார்.

பிள்ளைகளிடமும் கேட்டேன். கத்திப் படிக்கிறீர்களா, கத்தாமல் படிக்கிறீர்களா, வேண்டியதற்குக் கையைத் தூக்குங்கள் என்றேன். அதுவரைக்கும் அவர்களை யாரும் எதையும் கேட்டதில்லை போலிருக்கிறது. இரண்டுக்கும் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். மறுபடி விளக்கியபின், கத்த வேண்டாம் என்பதற்கே கை அதிகம் எழுந்தது. சட்டாம்பிள்ளை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு உத்தியோகம் போயிற்றே.

முதல் சில நாள் பிள்ளைகள் உதட்டை அசைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். பிறகு ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குள் ஏடு புரளும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊருக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்கு. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. உள்ளே காலரா என்று இன்னொரு பேச்சு. தெருவில் போன வெற்றிலை வியாபாரி ஒருவர் வாசலில் நின்று, துண்டை இடுப்புக்கு இறக்கிக் கட்டிக்கொண்டு, பெரிய டீச்சரிடம் யார் தவறிப்போனது என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். ஒரு தாயார் வந்து மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். "சும்மா உக்காந்திருக்கதுக்கா பள்ளியோடம்? அதை எங்க வீட்டுலயே செய்வாளே" என்றார்.  ஒவ்வொரு பிள்ளையாகப் படிப்பை விட்டு நின்றது.

பள்ளிக்கூடத்தின் தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆறுமுகம் பிள்ளை வீட்டுப் புறவாசல். சைவக் குடும்பம், நிலபுலன் உள்ளவர். எங்கள் வாசற்படியை மிதித்ததே இல்லை. அவரும் ஒரு நாள் வந்து தெருவிலேயே நின்றார். பிள்ளைகளை ஏன் சத்தம் போடாமல் வைத்திருக்கிறேன் என்று மரியாதையாகக் கேட்டார். மிஸ்ஸியம்மாள் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் அவருக்கு ஒப்பித்தேன். (கத்தி ஒப்பிப்பது தப்பு என்பதைக் கத்தி ஒப்பித்தேன்.) பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் சரிதான். கொஞ்சம் போல சத்தம் போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சத்தம் இல்லாமல் இவருக்கு மதியத் தூக்கம் வரவில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வரும் நாளும் வந்தது. போன வருஷமே, பிள்ளைகள் போதாது என்று எழுதிவிட்டுப் போனவர் அவர். இந்தத் தடவையும் அப்படியே எழுதினால் சர்க்கார் உதவி நின்றுவிடும். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை அடுப்படிக்கு அனுப்ப வேண்டியதுதான். என் புண்ணியத்தில் பாதிப் பிள்ளைகள் முன்கூட்டியே போயிருந்தார்கள்.

பத்து மணிக்கு வருவதாகத் தகவல். உச்சியும் ஆயிற்று, ஆளைக் காணோம். அவர் களக்காட்டிலிருந்து மாட்டுவண்டியில் வந்திருக்கிறார். பிள்ளைகள் சத்தம் கேட்கிற இடந்தான் பள்ளிக்கூடம் என்று வண்டிக்காரரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வண்டிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டி ஆற்றங்கரை வரை ஓட்டிப் போய்விட்டார். அங்கிருந்து திரும்பும்போது எங்கோ சத்தம் கேட்க, அங்கே இறக்கிவிட்டிருக்கிறார். அது ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடம். இன்ஸ்பெக்டர் அய்யா நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஒரு வகுப்பைப் பாதி சோதித்த பிறகுதான், பெண்கள் எங்கே என்று கேட்டிருக்கிறார்.

தலைப்பாகையில் புழுதியும் முகத்தில் கோபமுமாக வந்து சேர்ந்தார். கனத்த சரீரம். எங்கள் பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் இருந்தார்கள். என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்.

"வாசிக்கிறார்கள் அய்யா."

"எங்கே?"

"மனசுக்குள்ளே."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி பார்ப்போம் என்று நாற்காலியில் சாய்ந்தார். விடிவதற்கு முன் வண்டி ஏறியவர். வெயில் வேறு. ஓலைவிசிறி போல ஏடுகள் மெதுவாகப் புரண்டன. கொஞ்ச நேரத்தில் தாடை நெஞ்சில் பட, இன்ஸ்பெக்டர் அய்யா நன்றாகத் தூங்கிவிட்டார்.

எழுப்பலாமா கூடாதா என்று பயிற்சியில் சொல்லித்தரவில்லை. பெரிய டீச்சர் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தார். பிள்ளைகள் ஏட்டைப் புரட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். 

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கிளம்பியது. ஆட்டுரல் சுற்றும் சத்தத்தோடு, சுத்தமான பள்ளிக்கூட ராகத்தில், ஓர் பதினாறு பதினாறு, ஈர் பதினாறு முப்பத்திரண்டு என்று ஆரம்பித்தது.

இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டு விழித்தார். வாய்ப்பாடு முடிந்து குரல் பூகோளத்துக்குத் தாவியது. அவர் முகம் சிவந்தது. பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் சுவருக்குப் பின்னால் ஆள் வைத்து எடுத்துக் கொடுக்கிறீர்கள். இத்தனை வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு மோசடியைப் பார்த்ததில்லை என்றார். நான் இல்லை அய்யா என்றேன். யார் அது என்று கேட்டார்.

குரல் யாருடையது என்று எனக்கு அந்த நிமிஷம் விளங்கிவிட்டது. அந்த வீட்டில் ஆட்டுரல் சுற்றுகிறவர் ஆறுமுகம் பிள்ளையின் மனைவி கோமதி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கிணற்றடியில் பார்த்தால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் பழக்கம். பேரைச் சொன்னால் நாங்கள் பிழைப்போம். மிஷன் பாடத்தை ஒளிந்திருந்து படித்த மருமகள் என்று அவருக்கு வீட்டில் என்ன நடக்குமோ. நான் வாயைத் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

ஆட்டுரல் நின்றது. சத்தமான பேச்சு அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். சற்று நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. மாவுக் கையோடு, தலையில் சேலை முட்டாக்கோடு கோமதி நின்றார். வாசற்படியைப் பார்த்தார். பிறகு ஏறி உள்ளே வந்துவிட்டார்.

"இந்த டீச்சரைக் கோவிக்காதீங்க. என்னை யாரும் வைக்கல. கலியாணமாகி வந்த நாள்ல இருந்து இந்தச் சுவர்லதான் நான் படிக்கேன். இவுக வந்து சத்தத்தை நிப்பாட்டிட்டாவ. மறந்திரக் கூடாதேன்னு தினம் வாய்க்குள்ளயே சொல்லிப் பாக்கேன். இன்னைக்கு இங்க ஆள் அரவமே இல்லையா, சத்தமா வந்துட்டு" என்றார்.

இன்ஸ்பெக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தப் பூகோளத்தை இங்கே சொல்லுங்கள் என்றார். கோமதி கண்ணை மூடிக்கொண்டு அதே ராகத்தில் சொன்னார்: "தாமிரபரணி ஆறு பொதிகை மலையில் உற்பத்தியாகிப் பாபநாசத்தில் கீழே இறங்கி ஏளா லெச்சுமி ஜடையை விடு சேரன்மகாதேவி வழியாகப் பாய்ந்து..."

எங்கள் சட்டாம்பிள்ளை பாடத்துக்கு நடுவே தினமும் போட்ட அதட்டல் அது. கோமதி அதையும் பூகோளம் என்றே படித்திருந்தார். லெச்சுமி சட்டென்று தன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். முன்னால் இருந்தவள் தன் ஜடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். எடுத்துக் கொடுக்க வைத்த ஆள் இப்படிச் சொல்ல மாட்டார் என்று அவருக்கே புரிந்துவிட்டது.

பூகோளப் புத்தகத்தை விரித்துக் கோமதியிடம் நீட்டினார். கோமதி மாவுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல தாமிரபரணி எது?"

யாரும் சிரிக்கவில்லை. செல்லம் எழுந்து போய் விரலை வைத்துக் காட்டினாள். கோமதி அந்த எழுத்துகளின் மேல் கையை வைத்து, "இம்புட்டுதானா? ஆறு பெரிசுல்லா" என்றார்.

 இன்ஸ்பெக்டர் கோட்டுப் பையிலிருந்து தம்முடைய செய்தித்தாளை எடுத்துச் செல்லத்திடம் கொடுத்தார். கொழும்புக் கப்பல் ஒன்று புயலில் தாமதமான சேதி. அவள் அதைப் பார்த்தே இராதவள். திக்கித் திக்கி, எழுத்துக் கூட்டி, கடைசி வரி வரை வாசித்தாள். தாளை நேராகத்தான் பிடித்திருந்தாள்.

காலையில் சத்தமில்லாமல் படியுங்கள், பிற்பகலில் சத்தம் போட்டுப் படியுங்கள் என்று எழுதி வைத்தார். எண்ணிக்கை பார்க்கும் இடம் வந்ததும் பேனா நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாணவியையும் சேர்த்துக்கொண்டால் குறைவாகத் தெரியாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வண்டி நகர்ந்த பிறகுதான் பெரிய டீச்சர் மயங்கி விழுந்தார். அதுவரை மயக்கத்தை அடக்கி வைத்திருந்தார்.

மிஷன் படி ஏறிய தீட்டுக் கழிய, மாமியார் கோமதியைக் கட்டிய சேலையோடு கிணற்றடியில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றியதாகக் கேள்விப்பட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் ஆறுமுகம் பிள்ளை வந்தார். என்னால் ஒரு குடும்பம் கெட்டது என்று நினைத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"நீங்க நிப்பாட்டின நாள்ல இருந்து எங்க வீட்டுல ஆட்டுரல் மட்டுந்தான் பேசுது. அவ முகத்தைப் பாக்க முடியல. அதான் அன்னைக்கு வந்து கேட்டேன். அவ இங்கன வர வேண்டாம், எங்க அம்மை ஏசுவா. நீங்க புறவாசலுக்கு வாங்க. எழுத்தையும் காட்டிருங்க" என்றார்.

போனேன். மாமியார் எனக்கென்று தனிப் பாயும் தனிச் செம்பும் வைத்திருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, யாரையோ ஏசுவது போல என்னை ஏசினார். அந்த முதுகு நாளாக ஆகத் திரும்பியது. தை பிறப்பதற்குள் செம்பு பொதுவாகிவிட்டது. கோமதி முதன்முதலில் எழுதிய சொல் தாமிரபரணி. சிலேட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, ஆறு எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெரிசாக எழுதினார். கூட்டிக்கொண்டு போன பிள்ளைகளைத் தாய்மார்கள் ஒவ்வொருவராகத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். பிள்ளை வீட்டு மருமகளே படிக்கிறாள் என்றால் அது நல்ல பள்ளிக்கூடமாகத்தானே இருக்கும். பாளையங்கோட்டை எனக்குச் சான்றிதழ் கொடுத்தது. வேலை கற்றுக் கொடுத்தது அந்தப் புறவாசல். இன்றைக்கும் ஜெபத்தில் அந்த வீட்டை நினைக்காமல் நான் தூங்குவதில்லை.

ஊர் எனக்குக் கொடுத்தது ஒரு பெயர்: ஊமை வாத்திச்சி. ஊமைப் பள்ளிக்கூடத்து வாத்திச்சி என்பது தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, என் மகள் கலியாணம் வரைக்கும்.

மாப்பிள்ளை வீட்டார் சேரன்மகாதேவியில் விசாரித்திருக்கிறார்கள். ஊமை வாத்திச்சி மகளா, தங்கமான குடும்பம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் பெரிய மனசுக்காரர்கள். அந்தக் குறையைப் பற்றி மூச்சுவிடவில்லை. நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தியம்மாள் என்னைப் பார்த்ததும் கையை வாய்க்குக் கொண்டுபோய், சாப்பிட்டாச்சா என்று சைகை காட்டினார். ஐயோ பாவம், இந்த அம்மாளுக்குப் பேச்சு வராது போலிருக்கிறதே, ஒருவரும் சொல்லவில்லையே என்று எனக்கு மனசு உருகிவிட்டது. நானும் வயிற்றைத் தடவி, ஆயிற்று என்று சைகை காட்டினேன். அன்று காலை முழுவதும் நாங்கள் இருவரும், ஒருவர் மேல் ஒருவர் இரக்கப்பட்டு, கையாலேயே கலியாணம் பேசி முடித்தோம். கோமதி வந்து, "என்ன ரெண்டு பேரும் பரதம் ஆடுதீங்க?" என்று கேட்கும் வரைக்கும்.

சம்பந்தியம்மாள் என்னைவிட வாயாடி என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் இன்றுவரை நான் அவர் வீட்டுப் படி ஏறினால், வாங்க என்று சொல்ல மாட்டார். கையைத்தான் வாய்க்குக் கொண்டுபோவார். நான் வயிற்றைத் தடவுவேன். பேரப் பிள்ளைகள் பின்னால் வரிசையாக நின்று, அவர்களும் வயிற்றைத் தடவுவார்கள்.