மஞ்சள் வயருக்கு வந்த ஞானம்

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சோபாக் கடை முன்னால் நின்ற வரிசையைப் பார்த்தவர்கள், சோபா இனாமாகக் கொடுக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். இல்லை. கடையின் மாடியில் ஞானம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் இனாம் இல்லை.

நின்றவர்கள் எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஒவ்வொருவர் மார்போடும் ஒரு பை. பைக்குள் துண்டில் சுற்றிய பழைய வீடியோ கேம் பெட்டி. தடுப்பூசிக்குக் கைக்குழந்தையைத் தூக்கி வந்தவர்கள்கூட அவ்வளவு பதமாக அணைத்திருக்க மாட்டார்கள். ஒரு வங்கி மேலாளர் நின்றார். ஒரு பல் டாக்டர் நின்றார். கட்டடம் கட்டும் என்ஜினீயர் ஒருவர் நின்றார். தூண் தாங்குமா என்று நூறு தடவை கணக்குப் போடுகிற மனிதர், அன்று மூளைக்கு விடுமுறை கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அவர்களுடைய குறை என்னவோ உண்மைதான். சிறு வயதில் பெட்டி டிவியில் பளிச்சென்று ஓடிய ஆட்டம், இப்போது சுவரளவு தட்டை டிவியில் மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி ஊறிக் கிடந்தது. சிவப்புக் கார் முன்னால் ஓடினால் அதன் சிவப்பு மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தது. ஏன் என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். யாரிடம் கேட்பது என்பதில்தான் கோட்டை விட்டார்கள். தெளிவானந்தரிடம் கேட்டார்கள்.

தெளிவானந்தர் முன்பு மெத்தை விற்றவர். "மக்களைத் தூங்கவைக்கும் தொழிலை விட்டு, விழிக்கவைக்கும் தொழிலுக்கு வந்தேன்" என்று அவரே பெருமையாகச் சொல்வார். தொழில் மாறவே இல்லை என்பது நம் கட்சி.

அவர் கண்டுபிடித்த நோயின் பெயர் கம்பி தோஷம். கேம் பெட்டியிலிருந்து டிவிக்குப் போகிறதே, மஞ்சள் முனை வைத்த வயர், அதற்குள் பல வருடத்துச் சோம்பல் படிந்திருக்கிறதாம். அவர் கையில் வாங்கி உருவி, டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி "ம்ம்ம்ம்" என்று முனகினால் வயர் விழித்துக்கொள்ளுமாம். விழித்த வயரைப் பட்டுத் துணியில் சுற்றித் தருவார். அதற்குக் கட்டணம் என்று சொல்லக் கூடாது, மின் காணிக்கை. வீட்டில் போய்ச் செருகினால் படம் பழையபடி ஊறித்தான் கிடக்கும். திரும்பி வந்து கேட்டால் அதற்கும் பதில் உண்டு: "வயர் விழிச்சிடுச்சு மகனே. உன் கண்தான் இன்னும் விழிக்கல."

கண்ணை விழிக்கவைப்பது அடுத்த படி. அதற்குக் காணிக்கை தனி. மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கண் மருந்தை நிறுத்த வேண்டும். மருந்து கண்ணில் ஆடை கட்டுகிறதாம், தூய ஒளி உள்ளே போக முடியாமல் வாசலில் நிற்கிறதாம்.

இந்த இரண்டாம் படிதான் கண் பரிசோதகர் அம்மாவை அந்த வரிசைக்கு இழுத்து வந்தது.

ஊரில் அவர் 'கண்ணாடி அக்கா.' சொந்தமாகப் பரிசோதனைக் கூடம், துடுக்கான வாய், பொறுமை கொஞ்சம் குறைவு. கேம் பெட்டியைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அவருடைய ஒரே தம்பிக்குக் கண் அழுத்த நோய் என்பது தெரியும், ஏனென்றால் அதைக் கண்டுபிடித்து டாக்டரிடம் அனுப்பியதே அவர்தான். அது சத்தம் போடாத நோய். வலிக்காது, சிவக்காது. பார்வையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வரும், அரித்தது திரும்பாது. தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து விட்டால் இருக்கிற இடத்திலேயே நிறுத்தி வைக்கலாம். தம்பி கல்லூரியில் கணக்கு வாத்தியார். வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்றிருந்தார்.

"மருந்து விட்டியாடா?"

"அக்கா, ஆரம்பிக்காத. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். கண்ணு இருக்கறவங்க பாக்கறாங்க. விட்டியா இல்லையா?"

"மூணு வாரமா விடல. இப்பதான் எனக்குத் தெளிவாத் தெரியுது."

"எது தெரியுது?"

"எல்லாமே."

"கதவு நிலை தெரிஞ்சுதா? இடது பக்கம் நெத்தி வீங்கியிருக்கே."

தம்பி நெற்றியைத் தடவிக்கொண்டார். "அது அவசரத்துல இடிச்சது."

"ஞானம் வந்தவனுக்கு என்னடா அவசரம்?"

முன்னால் நின்ற வங்கி மேலாளர் திரும்பி, "அம்மா, நம்பிக்கை இல்லாதவங்க கீழ சோபாவுல உட்காரலாம்" என்றார்.

"நம்பிக்கை உள்ளவங்க என்ன பண்றீங்க சார்?"

"இன்னிக்கு நேத்திர விடுதலை. கண்ணாடி, மருந்து எல்லாத்தையும் அண்டாவுல போட்டுட்டு, இனிமே தொடமாட்டேன்னு வாக்குக் கொடுக்கறோம்."

அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பியின் சட்டைப் பையில் மருந்துக் குப்பி துருத்திக்கொண்டிருந்தது, சீல் உடைக்காமல்.

"வாத்தியாரே, ஒரு கணக்கு. அந்த வயர்ல ஒரு சக்தியும் இல்லன்னு நான் காட்டிட்டா?"

"காட்ட முடியாது. நானே கண்ணால பார்த்தேன் அக்கா. அதே வயர், அதே டிவி. அவர் தொட்டதும் படம் கண்ணாடி மாதிரி ஆகுது."

"காட்டிட்டா?"

"காட்டிட்டா, அங்கயே எல்லார் முன்னாலயும் மருந்து விட்டுக்கறேன். போதுமா? காட்டலன்னா நீ இனிமே என் கண்ணப் பத்திப் பேசக் கூடாது."

"பேசமாட்டேன்" என்றார் அக்கா. வாய்தான் சொன்னது. பேசாமல் இருந்துவிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் தம்பியைக் கைபிடித்துத் தெரு தாண்டவைக்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மாடிக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்னால் ஒரு பெரிய தட்டை டிவி, சுவரை ஒட்டி. அதன் வலது மேல் மூலையில் ஒரு கண் படம் ஒட்டியிருந்தது, ஞானக் கண்ணாம். டிவிக்குக் கீழே ஒரு கேம் பெட்டி. அதிலிருந்து எல்லாரும் பார்க்கும்படி முன்பக்கமாக வளைந்து போன மஞ்சள் வயர். பக்கத்தில் பித்தளை அண்டா. தெளிவானந்தர் வெறுங்காலோடு ஒரு கம்பளத் துண்டின் மேல் நின்றார். நகர மாட்டார். நகர்ந்தால் பூமியோடு உள்ள தொடர்பு அறுந்துவிடுமாம்.

அண்டா வேலை முதலில் நடந்தது. வரிசையாக வந்து கண்ணாடிகளைக் கழற்றிப் போட்டார்கள். கணக்கு வாத்தியார் குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நான் கடைசியா போடறேன் சாமி" என்று முணுமுணுத்துவிட்டு ஓரமாக நின்றார்.

ஆட்டம் ஓடத் தொடங்கியது. சிவப்புக் கார், அழுக்குப் பச்சைப் புல், ஓரமெல்லாம் எறும்பு ஊர்வது போல நெளிகிற எழுத்துகள்.

"பாருங்க, தூங்குது" என்றார் தெளிவானந்தர், வயரைக் காட்டி.

"தூங்குது சாமி!"

அவர் வயரை உருவினார். "ம்ம்ம்ம்" என்றார். டிவி ஒரு கணம் இருண்டது.

"தோஷம் வெளியே போகுது! யாரும் குறுக்க நிக்காதீங்க!"

முன்வரிசை அலறிக்கொண்டு விலகியது. படம் திரும்பி வந்தது. கார் கத்தியால் வெட்டி எடுத்தாற்போல நின்றது. புல் புல்லாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டவர்களும் "ஆஹா, என்ன தெளிவு!" என்றார்கள். நான்கடிக்கு அப்பால் இருப்பது டிவியா ஜன்னலா என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

"யாருக்காவது சந்தேகம் இருந்தா வந்து வயரைத் தொட்டுப் பாக்கலாம்" என்றார் தெளிவானந்தர். தினமும் சொல்கிற வார்த்தை. தினமும் பக்தர்கள்தான் வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

அக்கா எழுந்து போனார்.

"இந்தத் தெளிவு பூரா இந்த மஞ்சள் வயர் வழியாத்தான் வருதுங்களா?"

"வேற எது வழியா வரும் மகளே?"

"வேற வழியே கிடையாதே?"

"சத்தியமாக் கிடையாது."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்தார். கேட்டுக்கொண்டோம் என்று கூட்டம் தலையாட்டியது.

அக்காவின் தொழிலில் ஒரு வகை ஆட்கள் வருவார்கள். லாரி ஓட்ட உரிமம் வேண்டும். ஒரு கண் சரியில்லை. அதைச் சொல்ல மாட்டார்கள். நல்ல கண்ணாலேயே படித்துவிட்டு இரண்டு கண்ணும் பிரமாதம் என்பார்கள். அவர்களோடு அக்கா வாதாடுவதில்லை. எந்தக் கண்ணால் படிப்பதாகச் சொல்கிறார்களோ அந்தக் கண்ணைத் தானே அட்டை வைத்து இறுக்கி மூடிவிட்டுப் படிக்கச் சொல்வார். மூடிய பிறகும் படிப்பு நிற்கவில்லை என்றால், இத்தனை நேரம் படித்தது மூடின கண் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அக்கா குனிந்தார். மஞ்சள் முனையைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கினார்.

சிவப்புக் கார் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு புள்ளி குறையவில்லை. புல் புல்லாகவே இருந்தது. வயர் அக்காவின் கையில் பிடிபட்ட ஓணான் மாதிரி தொங்கியது.

அக்கா ஜெயித்துவிட்டார் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். பக்தியின் ஆழம் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

"வயரே இல்லாம வருதுடோய்!" என்று பல் டாக்டர் துள்ளினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. என்ஜினீயர் கண்கலங்கினார். ஒருவர் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

தெளிவானந்தரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு கணம் வெளுத்த முகம் மறுகணம் மலர்ந்தது. "இதுதான் பூரண நிலை! இந்த மகள் பிடுங்கல, நான்தான் பிடுங்கவெச்சேன்!"

"அப்படீங்களா?" என்றார் அக்கா. "வயரே வேண்டாம்னா இத்தனை பேருக்கு எதுக்குப் பட்டுல சுத்தி வயர் குடுத்தீங்க?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூட நம்பிக்கைக்கு ஆயிரம் பதில் வரும்; ஒரு சிரிப்புக்குப் பதில் வராது. தெளிவானந்தருக்கு வியர்த்தது. கூட்டத்தைத் திருப்ப வேண்டும், படத்தை மங்கவைத்து 'பார், அவநம்பிக்கை வந்ததும் தெளிவு போய்விட்டது' என்று சொல்ல வேண்டும். நல்ல யோசனைதான். கால் கட்டைவிரல் கம்பளத்தை அழுத்தியது. மஞ்சள் வயர்தான் பிடுங்கிக் கிடக்கிறதே என்பதை அந்தக் கட்டைவிரல் மறந்துவிட்டது.

டிவி இருண்டது. பிறகு முழு நீலம். நடுவில் பெரிய எழுத்தில் இரண்டு வார்த்தை:

சிக்னல் இல்லை.

கணக்கு வாத்தியார் முன்னால் வந்தார். கால் லேசாகத் தடுமாறியது; இடது பக்கம் இருந்த நாற்காலி அவருக்குத் தெரியவில்லை. டிவியின் மூலையில் இருந்த ஞானக் கண்ணை நகத்தால் உரித்தார். அதற்கடியில், டிவி எந்த வயரிலிருந்து படம் வாங்குகிறது என்று காட்டும் எழுத்து 'இன்புட் 1' என்று மின்னியது.

"சாமி, காலை எடுங்க."

"பூமித் தொடர்பு அறுந்துடும் மகனே."

"அறுந்தா நான் ஒட்டவெச்சுத் தரேன். எடுங்க."

எடுக்கவில்லை. வாத்தியார் கம்பளத்தின் நுனியைப் பிடித்து இழுத்தார். தெளிவானந்தர் அண்டாவின் மேல் சாய்ந்தார். கம்பளத்துக்கு அடியில், கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த ஒரு ரிமோட்.

வாத்தியார் பொத்தானை அழுத்தினார்: இன்புட் 2, பளிச்சென்று கார். அழுத்தினார்: இன்புட் 1, சிக்னல் இல்லை. மறுபடியும் கார். சாமியின் "ம்ம்ம்ம்" இல்லாமலே.

அதற்குள் என்ஜினீயரின் மூளை விடுமுறை முடிந்து திரும்பியிருந்தது. அவரும் பல் டாக்டரும் டிவியைச் சுவரிலிருந்து விலக்கினார்கள். பின்னால், அதே கேம் பெட்டியின் முதுகிலிருந்து டிவியின் முதுகுக்கு, ஒரு தடித்த கறுப்பு வயர்.

"சாதாரண வயர்தாங்க" என்றார் என்ஜினீயர், சாமியைப் பார்க்காமல். "மஞ்சள் வயர்ல எல்லா நிறத்தையும் ஒரே கம்பிக்குள்ள அடைச்சு அனுப்பறாங்க. கூட்ட பஸ்ஸுல போன சட்டை மாதிரி கசங்கித்தான் இறங்கும். இதுல சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கும் தனித்தனிக் கம்பி. கசங்காம வருது. என் பெட்டிக்கும் இது சேரும். டிவியில அதுக்கான வாய் மட்டும் இருக்கணும்."

"எங்க கிடைக்கும் சார்?" என்று அடக்கமாகக் கேட்டார் வங்கி மேலாளர்.

"எலெக்ட்ரானிக் கடையில. முனகாமலே தருவாங்க."

அப்போதுதான் சாமியைப் பிடிக்கவேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றியது. ஆனால் கண்ணாடிகள் அண்டாவில் இருந்தன. இருபது முப்பது பேர் ஒரே சமயத்தில் அண்டாவுக்குள் கையை விட்டார்கள். கண்ணாடி இல்லாமல் தன் கண்ணாடியைத் தேடுவது எளிதான காரியம் இல்லை. "இது என்னுது." "அய்யா, அது என் மூக்கு." இந்தக் களேபரத்தில் தெளிவானந்தர் பின்படிக்கட்டு வழியாகப் பூமித் தொடர்பை முற்றிலும் அறுத்துக்கொண்டு போனார். காணிக்கைப் பெட்டியை மறக்கவில்லை. அவருக்குப் பார்வை நன்றாகத்தான் இருந்தது.

கணக்கு வாத்தியார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தார். குப்பியின் சீலை உடைத்து அக்காவிடம் நீட்டினார்.

"நீயே விடு அக்கா. எல்லாரும் பாக்கட்டும்."

அக்கா இமையை விரித்துச் சொட்டு விட்டார். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. கையிருப்பில் நிறைய வார்த்தைகள் இருந்தன, நாக்கை அடக்கிக்கொண்டார்.

மறுநாள் டாக்டர், நேராகப் பார்த்தபடியே எவ்வளவு ஓரம் தெரிகிறது என்று பார்வைப் பரப்பை அளந்தார். அளந்து வந்த படத்தில், இடது கண்ணின் வெளி ஓரத்தில், முன்பு வெள்ளையாக இருந்த இடத்தில், ஒரு கறுப்புத் திட்டு விழுந்திருந்தது.

வெளியே வந்ததும் தம்பி கேட்டார். "போனது திரும்ப வருமா அக்கா?"

"வராதுடா. இருக்கறத வெச்சுக் காப்பாத்தலாம்."

"மூணு வாரத்துலயா?"

"மூணு வாரத்துலதான்."

வயருக்குக் கொடுத்த காணிக்கையை அவர் எப்படியாவது சம்பாதித்துவிடுவார். அந்தத் திட்டு தின்ற பார்வையை எந்தக் கடையில் போய் வாங்குவார்?

ஆகவே அன்பர்களே, யார் காலிலாவது விழுந்தே தீருவேன் என்று உங்களுக்கு ஆசை இருந்தால் விழுங்கள், உடம்பு உங்களுடையது. விழுவதற்கு முன்னால் மட்டும், அந்தக் காலைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். எப்படியும் குனியத்தானே போகிறீர்கள்.