தலையில் தட்டும் பொறுப்பு

சர்வதேசப் பாரா நீச்சலில் கம்பைநல்லூரின் பங்கு என்ன என்று நாளை யாராவது ஆராய்ச்சி செய்தால், அந்த ஆராய்ச்சி கடைசியில் என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். இதை நானே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

என் பெயர் குப்புராஜ். அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தற்போது 'கம்பைநல்லூர் வட்டார விளையாட்டு மேம்பாட்டுக் குழு'வின் செயலாளர். எனக்கு நீந்தத் தெரியாது. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் தேங்கினாலே சுற்றிக்கொண்டு போகிறவன். குழுவில் மற்றவர்களும் அப்படியே என்பதால், நீச்சல் குறித்து எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்ததே இல்லை.

எங்கள் ஊர் ஜாஸ்மினுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. எங்கள் குழுத் தலைவர் ராஜாமணியின் வயல் கிணற்றில் நீந்தப் பழகி, பிறகு சேலத்தில் வீரமணி என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்து, பார்வையற்ற பெண்களுக்கான நூறு மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் இந்திய அணிக்குத் தேர்வானவள். பேக்ஸ்ட்ரோக் என்றால் மல்லாந்தபடி பின்னோக்கி நீந்துவது. ஆகவே இந்தப் போட்டியில் ஒரு விதி உண்டு. குளத்தின் இரண்டு முனையிலும் முனைக்கொருவர் நீளமான குச்சியோடு நிற்க வேண்டும். குச்சியின் நுனியில் மெத்தென்று ஒரு பந்து இருக்கும். சுவர் நெருங்கும்போது நீந்தி வருகிறவர் தலையில் அதால் மெல்லத் தட்ட வேண்டும். தட்டு விழுந்தால் அவர் திரும்பிவிடுவார். விழாவிட்டால் சுவரில் மோதுவார்.

கிணற்றுக் காலத்திலிருந்தே அந்தக் குச்சியைப் பிடித்து வந்தவள் ஜாஸ்மினின் அண்ணி தெரசா. வெளிநாட்டுப் போட்டி என்றதும், ஒரு முனைக்கு வீரமணி, மறுமுனைக்குத் தெரசா என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். குழுவைக் கலக்காமல் எடுத்த முடிவு. பயணத்துக்கு நன்கொடை திரட்டியது குழு. அந்த விமானத்தில் குழுவின் சார்பில் ஒருவர்கூட ஏறாவிட்டால் 'மேம்பாடு' எப்படி ஏற்படும்?

அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. மசால் வடைக்குப் பிறகு விவாதம் சூடு பிடித்தது. தலைவரே குச்சி பிடிப்பது பதவிக்கு அழகல்ல என்று ராஜாமணி பெருந்தன்மையாக ஒதுங்கினார். பொருளாளர் கிருஷ்ணப்பனிடம் பாஸ்போர்ட் இல்லை. என்னிடம் இருந்தது. இவ்வாறு தகுதியின் அடிப்படையில் நான் ஒருமனதாகத் தேர்வு செய்யப்பட்டேன்.

ஒத்திகையும் பார்த்தோம். அலுவலகத்தில் இருந்த சக்கரம் வைத்த நாற்காலியில் கிருஷ்ணப்பனை உட்காரவைத்து, பின்பக்கமாகத் தள்ளிவிட்டு, நான் சுவரோரம் நின்று தட்டினேன். முதல் தட்டில் அவருடைய கண்ணாடி கழன்று விழுந்தது. அடுத்தது காதில் பட்டது. அதற்கடுத்த முறை அவர் என்னை நம்பாமல் காலை ஊன்றி நின்றுகொண்டார். அது வெற்றிக் கணக்கில் சேர்க்கப்பட்டது. தலைவரையும் ஒருமுறை உட்காரச் சொன்னோம். தன் தலையில் குச்சி வைக்க இந்த ஊரில் எவனும் பிறக்கவில்லை என்று அவர் மறுத்துவிட்டார். எனவே அவரைப் பொறுத்தவரை 'ஒத்திகை நடந்ததாகக் கருதப்படும்' என்று குறித்துக்கொண்டோம்.

தீர்மானத்தைக் கேள்விப்பட்டுத் தெரசா வந்தாள். கோபப்படவில்லை. எதிர்க்கவும் இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்திருந்தாள்.

"பாப்பா வர்ற வேகத்தப் பாத்துத் தட்டணுங்க சார். முன்னாடியே தட்டிட்டா வேகம் போயிரும். பின்னாடி தட்டுனா மோதிருவா. அவளத் தவிர வேற எங்கயும் பாக்கக் கூடாதுங்க."

அவளோடு வந்த ஜாஸ்மின் என் பக்கமாக முகத்தைத் திருப்பினாள். "தண்ணியில எறங்கிட்டா எனக்குப் பயமே இல்லீங்க சார். குச்சி வரும்னு நம்பித்தான் கைய வீசிப் போடறேன். அந்த நம்பிக்க போச்சுன்னா கை தானா மெதுவாயிரும்."

"கவலப்படாத பாப்பா," என்றேன். "எத்தனையோ ஃபைல நிறுத்தி வெச்ச கை இது. உன்ன நிறுத்த மாட்டனா?"

போட்டி நடந்த நாட்டின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இன்றுவரை எனக்கு அதைச் சரியாகச் சொல்ல வரவில்லை. குளம் அழகாக இருந்தது. தண்ணீர் ராஜாமணியின் கிணற்றைப் போலன்றி அடிவரை தெரிந்தது. புறப்படும் முனையில், அதாவது பந்தயம் முடியும் முனையில், வீரமணி நின்றார். திரும்பும் முனை எனக்கு. வேட்டியைத் துறந்து, குழுவின் பெயர் பொறித்த பனியனும் பேண்டுமாக, குச்சியோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

விசில் அடித்தது. ஜாஸ்மின் வந்தாள். அப்படி ஒருவர் நீந்தி நான் பார்த்ததில்லை. கைகள் மாறி மாறி வானத்துக்குப் போய்ப் பின்னால் விழுந்தன. பக்கத்து வரிசைகளில் இருந்தவர்கள் எல்லாரும் அவளுக்குப் பின்னால்தான். தங்கம் என்று என் மனசு சொல்லிவிட்டது. குச்சியை எடுத்து நீட்டத் தயாரானேன்.

அப்போது என் பக்கமாக ஒருவர் வந்தார். கறுப்புக் கோட்டு. கழுத்தில் அடையாள அட்டை. நிமிர்ந்த நடை.

என் பணிக்காலம் முழுவதையும் மேலதிகாரிகள் வரும்போது எழுந்து நின்றே கழித்தவன் நான். கோட்டுப் போட்ட உருவம் எதிரே வந்தால் என் கால்களும் கைகளும் என்னைக் கேட்டுக்கொண்டு இயங்குவதில்லை. எழுந்தேன். குச்சியை அக்குளில் இடுக்கினேன். இரண்டு கையும் கூப்பி, பாரதப் பண்பாட்டின் சார்பில், குனிந்து ஒரு வணக்கம் வைத்தேன். அவரும் சிரித்துத் தலையசைத்தார். சர்வதேச அரங்கில் நம் மாவட்டத்துக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம் அது.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கை சுவரில் மோதிய சத்தம், அதோடு சேர்ந்து தலையும். செத்துப் போகலாம் போல வெட்கமாக இருந்தது. இந்த வாக்கியத்தைக் குழுவுக்குத் தந்த அறிக்கையில் சேர்க்கவில்லை.

ஜாஸ்மின் தண்ணீருக்குள் ஒரு கணம் சுருண்டாள். பிறகு திரும்பினாள். வீங்க ஆரம்பித்த இடது கையோடு மீதி ஐம்பது மீட்டரையும் நீந்தி மூன்றாவதாக வந்தாள். வெண்கலம்.

மருத்துவ அறையில் ஐஸ் கட்டியில் கையை வைத்துக்கொண்டிருந்தவள், என் செருப்புச் சத்தம் கேட்டதும் கேட்டாள். "குச்சி வரலீங்களே சார். என்னாச்சுங்க?"

"பெரிய மனுசர் ஒருத்தர் வந்துட்டாரும்மா. மரியாதைக்கு எந்திரிச்சுக் கும்புட்டேன்."

"யாருங்க அவுரு?"

நான் அதற்குள் வீரமணி மூலம் விசாரித்திருந்தேன். வீராங்கனைகள் கழற்றி வைக்கும் துணிக் கூடைகளை எடுத்துப்போகிறவராம். அந்த ஊரில் எல்லாருமே கோட்டுதான் போடுவார்களாம். உண்மையைச் சொன்னேன். ஜாஸ்மின் ஐஸ் கட்டியைச் சரிசெய்து வைத்துக்கொண்டாள். பிறகு, "சரிங்க சார்," என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அறிக்கையில் நான் எழுதியது: 'எதிர்பாராத விதமாகச் சுவர் குறுக்கிட்டதால் தங்கம் கைநழுவியது.' குழு அதை ஏற்றுச் சுவருக்குக் கண்டனம் தெரிவித்தது.

மொரப்பூர் ரயில் நிலையத்தில் மேளதாளத்தோடு வரவேற்றார்கள். முதல் மாலை எனக்கு. கம்பைநல்லூரில் மேடை போட்டிருந்தார்கள். பேனரில் குச்சியோடு நான் ஆளுயரத்துக்கு நின்றேன். ஜாஸ்மின் என் முழங்காலுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருந்தாள். 'வரலாற்றுச் சிறப்புமிக்க' அந்தக் குச்சியைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு மேடைக்கு முன்னால் கீழே நிற்கும் பொறுப்பைத் தெரசாவுக்கு நானே வழங்கியிருந்தேன்.

ஜாஸ்மின் கையில் கட்டோடு, மைக்கை வாங்கி நன்றி சொல்லத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து, அழைத்திருந்த பிரமுகர் மேடையின் பின்பக்கப் படியில் ஏறினார். பேச்சு நின்றது. எல்லாரும் எழுந்து அவர் பக்கம் திரும்பினோம். சந்தடி கேட்டு ஜாஸ்மினும் திரும்பினாள். இப்போது கூட்டத்துக்கு அவள் முதுகு.

"வழி வுடு பாப்பா, கொஞ்சம் பின்னாடி போ," என்றார் ராஜாமணி.

ஓர் அடி பின்னால் வைத்தாள்.

"இன்னுங் கொஞ்சம்."

இன்னோர் அடி வைத்தாள். மேடையின் விளிம்பு அவளுடைய குதிகாலுக்குப் பக்கத்தில் இருந்தது. மேடை முழுக்கக் கண் உள்ளவர்கள் நின்றோம். எல்லாருடைய கண்ணும் பிரமுகர் மேல் இருந்தது. எல்லாருடைய கையும் கூப்பியிருந்தது, என்னுடையதும் சேர்த்து.

கீழேயிருந்து குச்சி நீண்டு வந்து, ஜாஸ்மினின் பின்னந்தலையில் மெத்தென்று ஒரு தட்டுத் தட்டியது. நின்ற இடத்திலேயே நின்றாள். காலால் தடவி விளிம்பைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. ஊர் முழுக்கக் கேட்கும்படி, கோபமே இல்லாமல் கேட்டாள்:

"செயலாளர் சார், இங்கயும் யாராச்சும் வந்துட்டாங்களாங்க?"