ரத்தப் பைக்குப் பஞ்ச் கார்டு

பெங்களூரில் சொன்ன நேரம் தவறாத மனிதர் என்று இதுவரை ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரையும் நாங்கள் கிறுக்கு என்று முடிவுகட்டி வைத்திருந்தோம்.

அப்பா அம்மா வைத்த பெயர் என்னவோ, எங்கள் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் முதல் நிர்வாகி வரை எல்லோருக்கும் அவர் 'முப்பது நிமிஷம்'. ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் நான் டெக்னீஷியன். தானமாக வரும் ரத்தத்துக்குப் புது விதிகள் வந்திருந்த சமயம். எங்கள் ஃபிரிஜ்ஜை விட்டு வெளியே போன பை முப்பது நிமிடத்துக்குள் திரும்பாவிட்டால் அதை மறுபடி உள்ளே வைக்கக் கூடாது, தூக்கிப் போட வேண்டும். அதுவரை அறிவுரையாக இருந்தது, இனிமேல் கட்டாயம். இதை டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் பழக்கிவிட ஆள் தேடிய நிர்வாகம், பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து, ஒரு நிமிடம் பிந்தி வந்தவருக்கெல்லாம் அரை நாள் சம்பளம் வெட்டியவரைப் பிடித்து வந்தது.

"சார், உங்களுக்கு ரத்தத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியாது மேடம். லேட்டைப் பத்தித் தெரியும்."

இரண்டாம் நாளே பழைய தொழிற்சாலையிலிருந்து கழித்துக்கட்டிய, கார்டில் மணி குத்தும் பஞ்ச் மெஷின் ஒன்றை ஆட்டோவில் ஏற்றி வந்து என் கவுன்டரில் நிறுத்தினார். ஒவ்வொரு பைக்கும் ஒரு கார்டு. வெளியே போகும்போது ஒரு 'டங்', திரும்பும்போது ஒரு 'டங்'. கூலிக்கு நின்றவர்களுக்குக்கூட இவ்வளவு ஒழுங்காக வருகைப் பதிவு நடந்திருக்காது.

டாக்டர்களுக்கான முதல் வகுப்பு நடந்தது. வடை இருந்ததால் கூட்டம் வந்தது. எங்கள் பெரிய சர்ஜன் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, "தியேட்டர்ல ஏ.சி. இருக்கு. பை அங்கேயே கிடந்தா ஒண்ணும் ஆகாது" என்றார். எந்த ஆபரேஷனுக்கும் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று நாலு பை வாங்கி வைத்துக்கொண்டு, நாலையும் சாவகாசமாகத் திருப்பி அனுப்புவது அவருடைய வழக்கம். முப்பது நிமிஷம் அவருக்கு ஒரு டீ கொடுத்தார். சர்ஜன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னய்யா, பால் திரிஞ்சிருக்கு?"

"நேத்து காலையிலேருந்து உங்க தியேட்டர் ஏ.சி.க்குக் கீழதான் சார் வச்சிருந்தேன்."

அடுத்து வார்டு ஃபிரிஜ். ஒரு பை இட்லி மாவுக்கும் தயிர் டப்பாவுக்கும் நடுவில் ஒய்யாரமாகச் சாய்ந்திருந்தது. "இதுவும் ஃபிரிஜ்தானே, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்" என்று, கொஞ்சம் அனுசரித்துப் போகும்படி கன்னடத்தில் குழைந்தார் நர்ஸ். மனிதர் பையைப் பறிமுதல் செய்ததோடு நிற்கவில்லை. இட்லி மாவுக்கும் ஒரு கார்டு எழுதித் தொங்கவிட்டார். மாவு ஆறு நாளாக உள்ளே இருப்பது அப்போதுதான் வெளியே வந்தது.

இந்த இடத்தில் என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். அவர் வருவதற்கு முன்னால் என் நோட்டில் எல்லாப் பைகளும் இருபத்தெட்டு நிமிடத்தில் திரும்பிவிடும். எத்தனை மணிக்கு வந்தாலும் இருபத்தெட்டுதான். தானமாக வந்த ரத்தத்தைக் குப்பையில் போட மனசு வராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஒரு நாள் மத்தியானம் சர்ஜன் எடுத்துப்போன ஓ நெகட்டிவ் பை நாற்பத்தோரு நிமிடம் கழித்துத் திரும்பியது. எங்களிடம் இருந்ததே அந்த ஒன்றுதான். மாதம் தவறாமல் ரத்தம் ஏற்றினால்தான் நடமாட முடியும் என்ற நிலையில் ஒரு ஏழு வயதுப் பெண் குழந்தை எங்களிடம் வந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை அந்தக் குழந்தைக்கென்று வைத்திருந்த பை அது. சர்ஜனுக்குக் கொடுத்தபோதே சொல்லித்தான் கொடுத்தேன். என்ன செய்வது? சுற்றிலும் யாரும் இல்லை. பஞ்ச் மெஷினின் முள்ளைப் பதிமூன்று நிமிடம் பின்னால் திருப்பினேன். டங். இருபத்தெட்டு.

சிறிது நேரத்தில் முப்பது நிமிஷம் வந்தார். மெஷினைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பீன்யாவுல ஒரு வெல்டர் இதையே பண்ணான் மேடம். அவன் ஒரு மணி நேரம் திருப்பினான். நீங்க பதிமூணு நிமிஷம்தான். நல்ல மனசு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தக் குழந்தைக்கு வேற பை இல்ல சார். இது கெட்டிருக்காது."

"கெட்டிருக்காதுன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. ரெண்டு பேருக்கும் தெரியாததை அந்தக் கொழந்தை உடம்புல ஏத்தலாமா?"

அவர் யாரிடமும் என்னைப் போட்டுக்கொடுக்கவில்லை. பையில் 'கழிவு' என்று சிவப்பு முத்திரை குத்தினார், ஐஸ் பெட்டியை எடுத்தார், நேராக சர்ஜன் அறைக்குப் போனார். அதற்குள் நான் போனில் தேடி, சிவாஜிநகருக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு ரத்த வங்கியில் அதே வகைப் பை ஒன்று இருப்பதை உறுதிசெய்திருந்தேன்.

"சார், உங்க லேட்டு. நீங்களும் வாங்க" என்று சர்ஜனைக் கூப்பிட்டார்.

யாருக்கும் எழுந்து நிற்காத சர்ஜன் ஏன் எழுந்து போனார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்தக் குழந்தைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றிய தேதிகள் இருந்த கார்டை நம் ஆள் அவர் மேஜையில் வைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். திரும்பும் வழியில் சிவாஜிநகர் பஸ் நிலையத்தருகே கார் நகரவே இல்லை. பெட்டிக்குள் இருக்கும்வரை ரத்தம் பத்திரம்தான். ஆனால் நம் ஆளுக்கு நின்ற வண்டியில் உட்கார்ந்து பழக்கமில்லை. இருவரும் இறங்கி நடந்தார்கள். பெட்டி சர்ஜனின் தோளில். முன்னால் கைக்கடிகாரத்தோடு முப்பது நிமிஷம். கறிக்கடை வாசலில் ஒருவர், "இன்னா பாய், மீனா? கிலோ எவ்ளோ?" என்று சர்ஜனையே நிறுத்திக் கேட்டாராம்.

வேர்வை சொட்ட வந்த சர்ஜன் பெட்டியைக் கவுன்டரில் வைத்துவிட்டு, தானே கார்டை எடுத்து மெஷினில் செருகினார். டங். முள்ளை நான் அதற்குள் சரியான இடத்துக்குத் திருப்பி வைத்திருந்தேன். மறுநாள் காலை குழந்தைக்கு ரத்தம் ஏறியது. அதற்குப் பிறகு சர்ஜன் நாலு பை கேட்டதே இல்லை. ஒன்று கேட்பார், அதுவும் தேவைப்படாவிட்டால் ஆளை ஓடவிட்டு உடனே திருப்பி அனுப்புவார்.

முப்பது நிமிஷம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். போன வருஷம் எனக்கே ஓர் ஆபரேஷன், வேறொரு ஆஸ்பத்திரியில். ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது குடையும் கையுமாக வந்து நின்றார். என்னை விசாரிக்கவில்லை. "பை எத்தனை மணிக்கு வெளிய வந்தது?" என்று நர்ஸைக் கேட்டு, பதிவேட்டை வாங்கிப் பார்த்த பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் பார்த்துவிட்டார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அதுவரை இருந்த பயம் போய், கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன்.

அங்கே பார்வையாளர் நேரம் முப்பது நிமிடம். நர்ஸ் திரும்பி வந்து, "எவ்வளவு நேரமா இருக்கீங்க?" என்று அவரைக் கேட்டபோது ஒன்றரை மணி நேரம் தாண்டியிருந்தது.

நான் முந்திக்கொண்டேன். "இருபத்தெட்டு நிமிஷம்."

முப்பது நிமிஷம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.