மிதந்த முட்டையை உடைக்காதே!

முதலில் கோழிகள் செத்தன. அடுத்தபடியாக ஊரின் புத்தி செத்தது. கோழிக்காவது காய்ச்சல் என்று ஒரு காரணம் இருந்தது.

கானா நாட்டுக்கே முட்டை அனுப்பும் ஊர் எங்கள் அசுபேனி. இங்கே மனிதனைவிடக் கோழி அதிகம். வடக்கிலிருந்து புழுதிக்காற்று வீச ஆரம்பித்த மாதத்தில், பண்ணைகளில் கோழிகள் கொண்டை கறுத்துக் கொத்துக்கொத்தாக விழுந்தன. வெள்ளை உடுப்பு மாட்டிய அரசாங்க ஆட்கள் வந்து குழிவெட்டிப் புதைத்தார்கள். பறவைக் காய்ச்சல் மனிதனுக்கும் தொற்றுமாம், உலகமே நடுங்குகிறதாம் என்று வானொலி அலறியது. கோழியோடு புழங்குகிறவர்களுக்கென்று தடுப்பூசி வந்து இறங்கியது. லாரி நிலையத்தில் ஒரு கூடாரம் போட்டு லம்ப்டே நர்ஸம்மா உட்கார்ந்தார்.

எதிர்ப்புறம் இன்னொரு கூடாரம் முளைத்தது. அதில் உட்கார்ந்தவர் தீர்க்கதரிசி நெகேமியா.

இரண்டுக்கும் நடுவில் என் லாட்டரிக் கடை. நானும் நம்பிக்கை விற்றுப் பிழைக்கிறவன்தான், ஒளிக்கவில்லை. ஆனால் என்னிடம் தோற்றவனைப் பார்த்து ‘உன் பாவம்தான் காரணம்’ என்று நான் சொன்னது கிடையாது. ‘நாளைக்கு வா’ என்பதோடு சரி.

நர்ஸம்மாவின் கூடாரத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நெகேமியாவின் வரிசை பெட்ரோல் பங்கைச் சுற்றிக்கொண்டு போய் மீன் கடை வரைக்கும் நின்றது. ஏன் என்று கேட்கிறீர்களா? முட்டை லாரி ஓட்டும் ஒருவன் நர்ஸம்மாவிடம் கேட்டதை நானே காதால் கேட்டேன்.

“இந்த ஊசி போட்டா நோயே வராதா?”

“வரவே வராதுன்னு சத்தியம் பண்ண முடியாதுப்பா. வந்தாலும் ஆளைச் சாய்க்காம காப்பாத்தும். கை வலிக்கும். ஒருநாள் உடம்பு சுடலாம்.”

“கேட்டீங்களா? அவங்க வாயாலயே சொல்றாங்க, உடம்பு சுடுமாம்!” என்று அவன் எதிர்க் கூடாரத்துக்கு ஓடினான்.

உண்மையைச் சொன்னதுதான் அந்த அம்மா செய்த குற்றம். நெகேமியாவிடம் அந்தக் கெட்ட பழக்கம் இல்லை. அவர் ஒலிபெருக்கியைப் பிடித்தால் எல்லாமே நூற்றுக்கு நூறு உத்தரவாதம்.

“பிள்ளைகளே! கோழியைக் கொன்னவன் யாரு? ஊசியை அனுப்பினவன் யாரு? ரெண்டும் ஒரே கை! நம்ம வீட்டுல தொட்டில் ஆடக் கூடாதுன்னு திட்டம் போட்ட கை! ஊசி போட்ட பொம்பளை வயித்துல கரு தங்குமா? தங்காது! முட்டையே சாட்சி சொல்லும்!”

எத்தனையோ சாட்சிகள் இருக்க அந்த ஆள் முட்டையைப் பிடித்தாரே, அங்கேதான் அவருடைய மூளை. எங்கள் சந்தையின் வழக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது. சந்தையில் முட்டைக்காரிகளுக்கெல்லாம் தலைவியாக ஒருத்தி உண்டு. முட்டை ராணி என்போம். இப்போதைய ராணி டுஃபி அம்மா. ஒருத்தி விற்ற முட்டை பழசு என்று சண்டை வந்தால் ராணியின் முன்னால் வாளித் தண்ணீர் வரும். அமிழ்ந்தால் புதுசு, மிதந்தால் கெட்டது. கெட்டதை எல்லார் முன்னாலும் உடைத்து, நாற்றத்தைக் காட்டி, விற்றவளுக்கு அபராதம் போடுவார்கள். ஆகவே வேற்றூர்க்காரனிடம் மிதக்கிற முட்டையைக் காட்டினால் ‘அதுக்கென்ன இப்ப?’ என்பான். எங்கள் ஊர்ப் பெண்ணிடம் காட்டினால் அவளுக்கு நெஞ்சு அடைத்துவிடும்.

மேடையில் இரண்டு அண்டா. இரண்டுக்கும் வெள்ளைத் துணி போர்த்தியிருக்கும். ஊசி போடாதவள் கையில் ஒரு முட்டையைக் கொடுத்து முதல் அண்டாவில் போடச் சொல்வார். கல்லாகப் போய் அடியில் உட்காரும். ஊசி போட்டவள் கையில் கொடுத்து இரண்டாவது அண்டாவில் போடச் சொல்வார். முட்டை வழுக்கைத்தலை மாதிரி மேலே வந்து நிற்கும். கூட்டம் ‘ஐயோ’ என்று வாயில் அடித்துக்கொள்ளும்.

எதற்கு இரண்டு அண்டா என்று ஒரு கிழவர் கேட்டார். கூட்டத்தில் கேள்வி கேட்ட ஒரே ஆள்.

“ஊசி விஷம் ஏறின கை பட்ட தண்ணியில உங்க மருமக கையை விடச் சொல்லலாமாய்யா?” என்றார் நெகேமியா. கிழவர் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார்.

மிதந்த முட்டையை உடைக்கக் கூடாது, உடைத்தால் சாபம் ஊர் முழுக்கப் பரவும். அண்டாத் தண்ணீரை நாக்கில் வைக்கக் கூடாது, வைத்தால் நாக்கு வீங்கி ஊமையாகிவிடும். சபிக்கப்பட்ட முட்டைகளையெல்லாம் அவருடைய ஆட்கள் பெட்டியில் அடுக்கி, காட்டுக்குள் கொண்டுபோய் ஜெபத்தோடு புதைப்பார்கள். முட்டை மிதந்தவள் அபிஷேக எண்ணெய் வாங்கிப் பூசிக்கொண்டு மறுபடி வந்தால், முதல் அண்டாவில் முட்டை போடலாம். அமிழ்ந்துவிடும். அல்லேலூயா!

எண்ணெய்ப் புட்டியின் விலை ஒரு தட்டு முட்டையின் விலையைவிட அதிகம். விஷம் இறங்கவேண்டுமே, சும்மாவா?

இப்போது பிராகோவைப் பற்றிச் சொல்லவேண்டும். பண்ணையில் கோழிக் கூண்டு கழுவும் பெண். போன ஈஸ்டருக்குத்தான் டுஃபி அம்மாவின் மகன் அசாரேயைக் கட்டிக்கொண்டாள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட சுறுசுறுப்பு. ஊசி வந்த முதல் நாளே போய்ப் போட்டுக்கொண்டாள். “செத்த கோழியை அள்ளுறது நான். எனக்கு இல்லாம யாருக்கு?” என்றாள்.

அது மாமியார் காதுக்குப் போயிற்று. டுஃபி அம்மா மருமகளை இழுத்துக்கொண்டு போய் மேடையில் ஏற்றினார். முட்டை மிதந்தது. முட்டை ராணியின் வீட்டிலேயே கெட்ட முட்டை! சந்தையே பார்த்தது.

“கலியாணமான பொண்ணுக்கு எண்ணெய் மட்டும் போதாது. ஜெப முகாம்ல தனியா தங்கணும். நானே பக்கத்துல இருந்து ஜெபிக்கணும்” என்றார் நெகேமியா. சொல்லும்போது அவருடைய கண் போன இடத்தைப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டுஃபி அம்மா தீர்ப்புச் சொன்னார். “ஞாயித்துக்கிழமைக்குள்ள முகாமுக்குப் போற. இல்லேன்னா உன் காலடியில வெள்ளைக் களிமண் தூவி அனுப்பிருவேன்.”

காலடியில் களிமண் விழுந்தால் எங்கள் பக்கம் கலியாணம் முடிந்தது. அசாரே அருகில்தான் நின்றான். தாய் கிழித்த கோட்டைத் தாண்டாத உத்தமன், தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மத்தியானம் பிராகோ என் கடைப் பலகையில் வந்து உட்கார்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“அன்சா அண்ணே, எனக்கு இனிமே பிள்ளை பொறக்காதா?”

“லாட்டரிக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது? நர்ஸம்மாவைக் கேளு.”

“கேட்டேன். ஊசிக்கும் வயித்துக்கும் சம்பந்தமே இல்லேங்கிறாங்க. ஆனா முட்டை மிதந்துச்சே! நானே கண்ணால பாத்தேனே!”

“உங்க அத்தைக்கிட்ட மிதக்குற முட்டை வந்தா என்ன பண்ணுவாங்க?”

“உடைப்பாங்க.”

“உடைச்சு?”

“மோந்து பாத்து, நாறுதுன்னு எல்லாருக்கும் காட்டுவாங்க. அப்புறம்தானே அபராதமே...” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அண்ணே, என் முட்டையை யாரும் உடைக்கவே இல்லையே!”

“உடைச்சா சாபம் பரவுமாம்ல.”

“பரவட்டும். இருக்கிற சாபம் பத்தாதா எனக்கு?” என்று எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பிதுங்கியது. ராணி வீட்டு மருமகள் முகாமுக்குப் போவாளா, களிமண் வாங்குவாளா என்று பார்க்க அடுத்த ஊரிலிருந்தெல்லாம் வண்டி ஏறி வந்திருந்தார்கள். அடுத்தவள் குடி கெடுவதென்றால் நம்மவர்களுக்கு வெயில் உறைக்காது. நானும் கடையைச் சாத்திவிட்டு முன்னால் போய் நின்றேன்.

பிராகோ துணி மூட்டையோடு வந்தாள். முகாமுக்குத்தான் என்று நெகேமியாவின் முகம் மலர்ந்தது.

“கடைசியா ஒரு தடவை முட்டையைப் போட்டுப் பாத்துக்கிறேன் பாஸ்டரய்யா” என்றாள்.

“தாராளமா, மகளே! எல்லாரும் பாருங்க, விஷம் இன்னும் இறங்கல!”

அவர் கொடுத்த முட்டையை இரண்டாவது அண்டாவில் போட்டாள். மிதந்தது. கூட்டம் வாயில் அடித்துக்கொண்டது. நெகேமியாவின் ஆள் பெட்டியோடு குனிவதற்குள், பிராகோ முட்டையை வழித்து எடுத்து மூட்டையிலிருந்து ஒரு தட்டை உருவினாள். தட்டின் விளிம்பில் ஒரே தட்டு.

“ஐயையோ, உடைச்சிட்டா!” பாதிக் கூட்டம் பின்னால் சாய்ந்தது. ஒருத்தி தன் பிள்ளையின் மூக்கைப் பொத்தினாள்.

பிராகோ தட்டை மாமியார் முகத்துக்கு நேரே நீட்டினாள். “அத்தை, மோந்து பாருங்க.”

“கிட்ட கொண்டு வராத, சனியனே!”

“நீங்க சந்தைக்கு ராணி. முட்டை மிதந்தா உடைக்கணும், உடைச்சா மோந்து பாக்கணும். நீங்க போட்ட சட்டம்தானே? ஊர்க்காரிங்களுக்கு ஒரு நியாயம், மருமகளுக்கு ஒரு நியாயமா?”

டுஃபி அம்மா மருமகள் விஷயத்தில் எப்படியோ, முட்டை விஷயத்தில் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. குனிந்தார். மோந்தார். விரலால் மஞ்சள் கருவை மெல்லத் தொட்டார். அது குண்டாக, உடையாமல் நின்றது.

“நாறலையே... இது இன்னிக்கு விட்ட முட்டைடி!”

“கண்ணுக்குத் தெரியாத கெடுதி அம்மா அது! மூக்குக்குத் தெரியாது!” என்று கத்தினார் நெகேமியா.

“மூக்குக்குத் தெரியாத கெட்ட முட்டை எங்கய்யா இருக்கு?” டுஃபி அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எனக்கே முட்டையைப் பத்திச் சொல்லித் தர்றியா?”

“அத்தை, முட்டை நல்லா இருந்தும் மிதக்குதுன்னா, கெட்டது முட்டையா தண்ணியா?” என்றாள் பிராகோ. “பாஸ்டரய்யா கை சுத்தமான கைதானே? அவரே இதுல ஒரு முட்டை போடட்டும்.”

நெகேமியா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நோன்பு நாளில் முட்டையைத் தொடக்கூடாதாம். முந்தின நாள் வரைக்கும் அந்த நோன்பு யாருக்கும் தெரியாது.

“நான் போடுறேன்” என்று டுஃபி அம்மா மேடையேறினார். ஊசியின் நிழல்கூடப் படாத கை. முட்டை விழுந்தது, அமிழப் பார்த்தது, மேலே வந்து நின்றது. அந்த அம்மா ஒரு நிமிடம் அதையே பார்த்தார். அப்புறம் விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்தார். ஊர் ராணி ஊமையாகப் போகிறாரே!

ஊமையாகவில்லை. வாழ்நாளில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை.

“உப்பு! த்தூ! கருவாடு ஊறப்போடுற தண்ணிடா இது!”

“அது சாக்கடல் தீர்த்தம் அம்மா! எருசலேம்ல இருந்து...”

“சாக்கடல்ல எல்லாமே மிதக்கும்யா, அதுக்கு எதுக்கு ஊசி?” என்றபடி, முன்பு இரண்டு அண்டா எதற்கு என்று கேட்ட கிழவர் எழுந்தார். இந்த முறை உட்காரவில்லை.

அதற்குள் யாரோ சாப முட்டைப் பெட்டியைத் திறந்தார்கள். அதில் காலையில் வந்த சாபம் மட்டும்தான் இருந்தது. ஒரு வாரத்து மிச்சமெல்லாம் எந்தக் காட்டில் புதைந்தது? லாரி நிலையத்தில் அவித்த முட்டையைக் கீறி மிளகாய்ச் சாந்து வைத்து விற்கும் பெண் கூட்டத்திலிருந்து நழுவப் பார்த்தாள். பிடித்துக்கொண்டார்கள்.

“நான் என்னத்தைக் கண்டேன்? பாதி விலைக்குக் குடுத்தாங்க, வாங்கினேன்!”

ஆக, ஊரே ஒரு வாரமாகச் சாபத்தை மிளகாய் தொட்டுத் தின்றிருக்கிறது. ஒருத்தருக்கும் வயிறுகூடக் கடுக்கவில்லை. ருசியாக இருந்தது என்று நானே சொல்வேன்.

நெகேமியா வண்டியை நோக்கி ஓடினார். முட்டைக்காரிகள் விடவில்லை. இரண்டாவது அண்டாவை அப்படியே தூக்கிவந்து அவர் தலையில் கவிழ்த்தார்கள். சாக்கடல் முழுவதும் அவர் மேலேயே வடிந்தது. போலீஸ்காரன் வந்து அழைத்துப் போகும்போதும் கண் எரிகிறது, கண் எரிகிறது என்று புலம்பிக்கொண்டே போனார்.

எல்லாம் முடிந்த பிறகும் ஒருத்தி என்னிடம் வந்து, “ஏன் அண்ணே, தண்ணிதான் பொய்யி. எண்ணெய் உண்மையா இருக்குமோ?” என்று கேட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

டுஃபி அம்மா பிராகோவின் மூட்டையைப் பிடித்தார். “வாடி வீட்டுக்கு. ஏதோ புத்தி கெட்டுப்போச்சு.”

பிராகோ மூட்டையை விடவில்லை. “இன்னிக்கு முட்டை நல்லதுன்னு தெரிஞ்சிருச்சு, கூப்பிடுறீங்க. நாளைக்கு எவனாவது வந்து வேற எதையாவது மிதக்க விட்டா? அப்பவும் என் காலடியில களிமண்தானா அத்தை?”

டுஃபி அம்மா மூட்டையிலிருந்து கையை எடுத்தார். அவர் கண் கலங்கியது.

“நீங்களும் நாள் முழுக்கக் கோழியும் முட்டையுமாத்தான் இருக்கீங்க” என்றாள் பிராகோ, குரல் கொஞ்சம் இறங்கி. “முதல்ல நர்ஸம்மாகிட்ட வாங்க. மத்ததை அப்புறம் பேசலாம்.”

“வலிக்குமாடி?”

“வலிக்கும்.”

டுஃபி அம்மா சட்டைக் கையை மடித்துக்கொண்டு நடந்தார். ராணிக்குப் பின்னால் முட்டைக்காரிகள் வரிசையாகப் போனார்கள். அசாரே ஓடிவந்து அசட்டுச் சிரிப்போடு நின்றான். பிராகோ மூட்டையை அவன் தலையில் வைத்துவிட்டுப் போனாள்.

நம் ஆட்கள் சாமர்த்தியசாலிகள். துணி வாங்கினால் நூலை இழுத்துப் பார்க்கிறோம். கிழங்கு வாங்கினால் நகத்தால் கீறிப் பார்க்கிறோம். மீனின் செவுளைத் திறந்து பார்க்காமல் கூடையில் போட மாட்டோம். பயத்தை விற்க வருகிறவனிடம் மட்டும், கேட்ட விலையைக் கொடுத்து, பிரிக்காமலே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறோமே, அது என்ன புத்தி?